மழை நாளில் மருத்துவமனையில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

மாட்டுங்காவாசி:
2017 ஆகஸ்ட் 29. கணபதி ஐந்தாம் நாள் விசர்ஜனம். மழை வெள்ளத்தில் ஊரே முடங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி மும்பையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் இருந்தார். சிறிய தனியார் மருத்துவமனை, இரண்டாம் மாடி. மாலையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமியது, சில நிமிடங்களில் அதுவும் அடங்கிவிட்டது. அதை வைத்திருந்தது அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில்.

வென்டிலேட்டரின் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கியது. பிறகு சிஸ்டர் குழாயைக் கழற்றி, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை மாட்டி என் கையில் கொடுத்தார். "ஆறு எண்ணுங்கள், ஒரு முறை அழுத்துங்கள். அவசரப்படவும் கூடாது, நிறுத்தவும் கூடாது." கைப்பேசி வெளிச்சத்தில் அப்பாவின் மார்பு எழுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது மணிக்கு மேல் என் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. வார்டைத் துடைக்கும் மவுஷி எதுவும் பேசாமல் பக்கத்தில் வந்து, என் கைமேல் தன் கையை வைத்து, எண்ணிக்கை தவறாமல் பையை வாங்கிக்கொண்டார். அவர் சேலை இடுப்புவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. தாராவியில் அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது என்று சிஸ்டர் பிறகுதான் சொன்னார். அதிகாலை இரண்டரை மணிவரை இருவரும் மாற்றி மாற்றி அழுத்தினோம்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் ஜெனரேட்டர் அடித்தளத்தில் இருக்கலாமா? எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட வேண்டியதுதானே?

நாஞ்சில் சிஸ்டர்:
தம்பி, அப்பா பிழைத்தாரா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

என் அனுபவத்தில் யாரும் சாகவில்லை. ஆனாலும் உறுத்துகிறது. குர்லா பக்கம் ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் தடுப்பூசிப் பொறுப்பு என்னுடையது. ஒரு மழை இரவு முழுக்க மின்சாரம் இல்லை. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் சுவருக்குள்ளேயே ஐஸ் உண்டு. நாளுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தால்கூட 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கும். மூடியைத் திறக்காமல் விட்டிருந்தால் போதும். பதறிப்போன ஒருவர் நல்லெண்ணத்தில் குப்பிகளை வெளியே எடுத்து, கல்லாக உறைந்த ஐஸ் பைகளுக்கு நடுவில் அடுக்கிவிட்டார்.

காலையில் ஹெபடைடிஸ் பி குப்பியைக் குலுக்கி மேசைமேல் வைத்தேன். திரிந்த பால் போல வெள்ளைத் துகள் விறுவிறுவென்று அடியில் இறங்கியது. உறைந்து கெட்ட மருந்து அப்படித்தான் இறங்கும். கெட்டுப்போனதென்றால் வெயிலில்தான் கெடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வெளியே முழங்கால் தண்ணீரில், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். "அடுத்த வாரம் வாம்மா" என்றேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை.

ஆன்டாப்ஹில் பாட்டி:
எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றச் சொல்கிறீர்களே தம்பி, பிள்ளை பெற்றவளையும் சேர்த்தா? என் மகளுக்கு மே மாதம் பிரசவம். மேல்மாடி வார்டு, மேலே சிமெண்டுத் தகடு. பிறந்து மூன்றாம் நாள் பேத்திக்குக் காய்ச்சல். கிருமித் தொற்றாக இருக்குமோ என்று அந்தச் சின்னக் குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். வயதான சிஸ்டர் ஒருவர் வந்து கூரையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், குழந்தையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொன்னார். மாலைக்குள் உடம்பு ஆறிவிட்டது. அந்தக் குதிகாலில் இருந்த பஞ்சை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அகமதாபாத்தில் 2010 மே மாதக் கடும் வெயிலுக்குப் பிறகு பச்சிளங்குழந்தைகளின் வார்டை மேல்மாடியிலிருந்து கீழே இறக்கினார்கள், வெப்பத்தால் சேர்க்கப்படும் குழந்தைகள் குறைந்தார்கள் என்று பின்னாளில் படித்தேன். வெள்ளத்தை மட்டும் நினைத்துக் கட்டடம் கட்டாதீர்கள்.

கம்பியாள்:
2005இல் ஒரு மருத்துவமனையின் மின் அறையில் வேலை. தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் மெயினை இறக்கிவிட்டு வெளியே ஓடினேன். மேலே யார் யார் இயந்திரத்தை நம்பி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கதை அவ்வளவுதான்.

மாட்டுங்காத் தம்பி சொல்வதில் பாதிதான் சரி. ஜெனரேட்டரை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு மின் பலகையைக் கீழேயே விட்டால் என்ன பயன்? மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச், டீசல் பம்பு, ஆக்சிஜன் சிலிண்டர் அறை எல்லாமே தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். பழைய கட்டடத்தின் மாடி அந்த எடையையும் அதிர்வையும் தாங்காது. 2005இல் தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் ஒரு கோடு வரைந்து, அதற்கு மேலே கான்கிரீட் மேடை கட்டுங்கள். வாரம் ஒரு நாள் ஜெனரேட்டரைச் சும்மா ஓடவிடாமல் வார்டின் சுமையைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்களில் சூரியத் தகடு வைத்திருக்கிறார்கள். இங்கேயும் வைக்கலாம், ஆனால் ஜூலை மாத மேகத்தில் அது மிகவும் குறைத்துத்தான் தரும். அதனால் தீவிர சிகிச்சை, பிரசவ அறை, தடுப்பூசிப் பெட்டி, நடைபாதை விளக்கு ஆகியவற்றுக்குத் தனிக் கம்பி இழுத்து, பேட்டரியை அவற்றுக்கு மட்டும் கொடுங்கள். ஏசியை அதில் சேர்க்கவே கூடாது. பாட்டிக்கு ஒரு வார்த்தை: அந்தச் சூரியத் தகடுகளைக் கூரைக்குச் சற்று மேலே தூக்கிப் பொருத்தினால் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும், கீழே வார்டில் சூடு குறையும்.

இன்னொன்று, மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கணக்கிட்டவை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அதுவும் வடியாது. மின் அறையில் ஓதம் ஏறும் நேர அட்டவணையை ஒட்டிவையுங்கள்.

மாட்டுங்காவாசி:
சிஸ்டர் அக்கா, அப்பா பிழைத்தார். மேலும் மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்தார். பாட்டி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, மாடி என்று பொதுவாக எழுதியது தவறுதான். கம்பியாள் ஐயா, நீங்கள் சொன்ன தண்ணீர்க் கோடு பற்றி அந்த மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

நான் எழுத வந்த காரணம் வேறு. மறுநாள் டாக்டர் எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை கொடுத்தார். தண்ணீரில் நடந்து வந்த உறவினர்கள் எல்லாருக்கும் கிடைத்தது. மவுஷிக்குக் கொடுத்தார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஒப்பந்தத்தில் வந்தவர், இப்போது வருவதில்லை என்றார்கள். பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை. இடது முன்கையில் குத்திய பச்சை இருந்தது, மயில் என்று நினைக்கிறேன். தாராவியில் இருப்பவர்கள் யாரேனும் கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா?