வழுக்கையாறும் கிணத்துக் கல்லுக் கணக்கும்: வெள்ளம் பாத்த அனுபவங்கள்

நவாலிக்காரன்:

யாழ்ப்பாணத்தில ஆறு இருக்கெண்டு சொன்னால் வெளியூர்ச் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். பங்குனி, சித்திரையில வழுக்கையாற்றுக்குள்ள மாடு மேயும், பெடியள் கிரிக்கெட் அடிப்பாங்கள். ஐப்பசி கடைசியிலதான் அதுக்குத் தான் ஒரு ஆறெண்டு ஞாபகம் வரும். தெல்லிப்பளை, அளவெட்டிப் பக்கத்துத் தண்ணியெல்லாம் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை எண்டு வயலுக்குள்ளால இறங்கி அராலியில கடலேரிக்குள்ள விழும். மொத்தம் 15 கிலோமீற்றரளவுதான். அதாலதான் பயம். மேல பெய்யிறது கீழ வர நாள்க்கணக்கு எடுக்காது.

எங்கட வளவு வயற்கரையோட. 2008 கார்த்திகையில நிஷா புயல் வந்தநேரம் நான் ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தனான். அப்ப போர்க்காலம், இரவில ஊரடங்கு. ஆத்தில தண்ணி எவ்வளவெண்டு ஒழுங்கையால நடந்துபோய்ப் பாக்கேலாது. அப்பு ஆத்தைப் பாக்கவே இல்லை, கிணத்தைத்தான் பாத்தவர். மணித்தியாலத்துக்கு ஒருக்கா அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு போய், உள்ளுக்கு எத்தினை வரிக் கல்லுத் தெரியுதெண்டு எண்ணிப்போட்டு வருவார். “நாலு வரி தெரியுது, படுங்கோ.” பிறகு “மூண்டு.” எனக்கு உது விசர்க்கதை மாதிரித்தான் இருந்தது. விடியப்புறம் ரெண்டு மணிபோல வந்து, “கிணறும் நிலமும் ஒண்டாப் போச்சு, வெளிக்கிடுங்கோ” எண்டார். அந்நேரம் முற்றத்தில கணுக்கால் தண்ணிகூட இல்லை.

அடையாள அட்டை, காணி உறுதி, என்ர கொப்பியள் எல்லாத்தையும் ஒரு பொலித்தீன் பையில சுத்தி எடுத்தம். ஆமிக்காரர் தூரத்திலயே காணட்டுமெண்டு அம்மா லாம்பை உயத்திப் பிடிச்சுக்கொண்டு முன்னால நடந்தா. கோயில் மண்டபத்தில ஏறி இருந்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை, எங்கட குசினிக்குள்ள முழங்கால் தண்ணி.

ஏன் கிணறு முந்திச் சொன்னதெண்டு பிறகுதான் விளங்கினது. எங்களுக்குக் கீழ கிடக்கிறது சுண்ணாம்புக் கல்லு, முழுக்க வெடிப்பும் பொந்தும். மழை அதுக்கால இறங்கி நிலத்தடித் தண்ணியைத் தூக்கிவிடும். கிணறு வாய்மட்டத்துக்கு வந்திட்டுதெண்டால் நிலம் இனிக் குடிக்காது. பிறகு விழுற மழை முழுக்க மேலாலதான் ஓடவேணும்.

அப்பு செத்தாப்பிறகு நான் பக்கத்து மதகுச் சுவரில சிவப்புப் பெயின்றால மூண்டு கோடு கீறி வைச்சனான். மேல் கோடு 2008 மட்டம். அளவெட்டியில இருக்கிற மச்சான் தங்கட மதகைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில போடுவான். அங்க மதகின்ர வாய் தண்ணியில மூடுப்பட்டால், எங்கட நடுக்கோட்டுக்கு ஆறேழு மணித்தியாலம். சில வருசம் இந்தக் கணக்குச் சரியா வந்தது.

2024 கார்த்திகையில பிழைச்சுப்போச்சு. மூண்டு மணித்தியாலத்தில நடுக்கோடு தாண்டிட்டுது. மழையில மட்டும் பழி போடேலாது. முந்திக் கிடுகு வேலி, தண்ணி அதுக்கால வடிஞ்சு வளவு வளவாப் பரவி மெதுவா வந்து சேரும். இப்ப எல்லாரும் மதில். ஒழுங்கையள் கொங்கிறீற் போட்டாச்சு, வெள்ள வாய்க்காலுக்கு மேல ஆரோ கேற் வைச்சிருக்கினம். ஒழுங்கைதான் இப்ப வாய்க்கால். (எங்கட வீட்டுக்கும் மதில்தான், மறைக்கேல்லை.)

அண்டைக்கு ஒரு அலுவலகத்துக்கு போன் அடிச்சால், எத்தினை மில்லிமீற்றர் மழையெண்டு வடிவாச் சொல்லுகினம். ஆறு எவ்வளவில நிக்குதெண்டு கேட்டால், “உங்கட பக்கம் எப்பிடி?” எண்டு என்னட்டையே திருப்பிக் கேக்கினம். கடைசியில அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117 அவசர இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லிப்போட்டு, விதானையாரின்ர (கிராம அலுவலரின்ர) வீட்டுக் கதவைத் தட்டினன்.

அராலித்துறை:

தம்பி, நீங்கள் மேல நிண்டு கோடு கீறுறியள். ஆறு கடலேரியில விழுற இடத்து அணைக் கதவு எங்கட பக்கத்தில எல்லோ கிடக்கு. உவர்த்தண்ணி உள்ளுக்கு வராமலும், நல்லதண்ணி கடலேரிக்குப் போகாமலும் மறிக்கத்தான் அந்த அணை. மழை தொடங்கின கையோட “திறவுங்கோ” எண்டு ஒரு பகுதி நிக்கும். “உவ்வளவு தண்ணியையும் விட்டிட்டால் தை, மாசியில எங்கட கிணறு உவராகும்” எண்டு வயற்காரர் நிப்பினம். ரெண்டும் ஞாயம்தான். நான் ரெண்டு பகுதியிட்டையும் பேச்சு வாங்கினனான்.

திறந்தால் உடன வெள்ளம் வடியுமெண்டு நினைக்காதேங்கோ. கடலேரியும் பொங்கி நிண்டால் தண்ணி எங்க போறது? நாங்கள் ஒரு பொச்சு மட்டையை, அதுதான் தேங்காய் உரிச்ச மட்டையை, கதவடியில போட்டுப் பாப்பம். வெளிய இழுத்துக்கொண்டு போனால் நல்லம். சுத்திச் சுத்தி அதிலயே நிண்டால் ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். உள்ளுக்குத் திரும்பி வந்துதெண்டால் கதவை மூடச்சொல்லி ஓடவேணும். 2020இல புரெவிப் புயல் வந்தநேரம் மட்டை கனநேரம் அதிலயே கிடந்து ஆடினது. நாங்களும் குடையோட அதைப் பாத்துக்கொண்டு நிண்டதுதான் மிச்சம்.

வடமராட்சிப் பெட்டை:

எங்கட தொண்டைமானாற்றிலயும் இதே கதவுச் சண்டைதான். பேரிலதான் ஆறு, உண்மையில கடல்நீரேரி.

ஆனால் நான் சொல்ல வந்தது வேற. எல்லாரும் தண்ணி ஏறுறதைத்தான் பாக்கினம், இறங்கினாப்பிறகு ஒருத்தரும் பாக்கிறேல்லை. 2024 மார்கழியில கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் எலிக்காய்ச்சல் வந்து சனம் செத்தது. முதல் எல்லாரும் சாதாரணக் காய்ச்சலெண்டு பனடோல் போட்டுக்கொண்டு இருந்தவை. எங்கட மாமா புண் காலோட வயலுக்கை இறங்கினவர், மூண்டாம் நாள் கெண்டைக்கால் நோகுதெண்டு நடக்க மாட்டார். கண்ணும் சிவப்பு. நல்லகாலம், வேளைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போட்டம். பிறகு வயல் வேலைக்காரருக்கு டொக்சிசைக்கிளின் குளிசை குடுத்தவை. வாங்கி மேசையில வைச்சிட்டுப் போடாமல் விட்டவையையும் எனக்குத் தெரியும்.

வெள்ளம் மூடின கிணத்தை இறைச்சு, குளோரின் போடாமல் குடிக்காதேங்கோ. தேத்தண்ணி ஒரு கிழமைக்கு நாறும்தான். குடிக்கலாம்.

நவாலிக்காரன்:

தங்கச்சி சொன்னது சரி, கிணறு இறைக்கிற கதையை நான் யோசிக்கவே இல்லை. அராலி அண்ணை, உங்கட பொச்சு மட்டை என்ர சிவப்புக் கோட்டை விடத் திறம். இந்தமுறை மழை இறங்கினால் மட்டையைப் போட்டிட்டு ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கோ. மச்சானின்ர மதகுப் படத்தோட சேத்து நான் இஞ்ச விதானையாருக்குக் காட்டுறன்.