ராமநவமி வடைப்பருப்பு: பந்திக்குள் தண்ணீர் விட்டு வெள்ளரி துவண்டு போகிறது, என்ன வழி?

வாசல்படி (கேள்வி)

வணக்கம். ராமநவமிக்கு வடைப்பருப்பு (ஊறின பாசிப்பருப்பும் வெள்ளரியும் பச்சையா கலந்து தாளிக்கிறது) செய்யணும், 25 பேர் சாப்பிடுவாங்க. காலை 8 மணிக்குக் கலந்து வச்சா 12.30 பந்திக்குள் பாத்திரத்தின் அடியில தண்ணீர் நிக்குது. வெள்ளரி கறுக்குன்னு இல்லாம தொளதொளன்னு ஆகிடுது. ஒரு வாய் உப்பு கரிக்குது, அடுத்த வாய் சப்புனு இருக்கு.

அளவு: நாட்டு வெள்ளரி 2 கிலோ (தோல் சீவி, விதையோட துருவியது), பாசிப்பருப்பு 250 கிராம் (ராத்திரியே ஊறப்போட்டது), தேங்காய் ஒரு மூடி, எலுமிச்சை 4, கல் உப்பு ஒரு கை, கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளிப்பு. தாளிப்பைச் சூடா மேல ஊத்துறது வழக்கம்.

உப்பு போட்டுப் பிழிஞ்சுட்டா சரியாகும்னு ஒருத்தர் சொன்னாங்க. சரியா? இன்னொன்னு, சில காய் கசக்குது. நைவேத்தியம் ஆகிறதுக்கு முன்னாடி வாயில வச்சுப் பார்க்க முடியாது. அதுக்கும் வழி சொல்லுங்க.

உப்புக்கல்

உங்க பட்டியல்லயே பதில் இருக்கு: துருவல், விதை, முன்கூட்டியே உப்பு.

வெள்ளரியில 95 சதவீதத்துக்கு மேல தண்ணீர்தான். அது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அழுத்தத்தோட அடைபட்டு நிக்கிறதாலதான் கடிக்கும்போது கறுக்குன்னு இருக்கு. துருவினா செல்லைக் கிழிச்சுடுறோம், உப்பே போடாட்டியும் நீர் இறங்கும். மழுங்கின கத்தியும் அதே வேலையைத்தான் செய்யும். வெளியே உப்பு பட்டா உள்ளே இருக்கிற நீர் உப்பு இருக்கிற பக்கம் நகரும். நாலரை மணி நேரம் அதுக்குத் தாராளம்.

துருவல் பல்லைத் தொடாதீங்க. அரிவாள்மனையிலயோ நல்ல கூரான கத்தியிலயோ 5, 6 மில்லிமீட்டர் துண்டுகளா நறுக்குங்க. நீளவாக்குல ரெண்டா பிளந்து, ஸ்பூன் முனையால நடுவுல இருக்கிற விதைக்குழம்பை ஒரே இழுப்புல வழிச்சிடுங்க. அதுதான் ரொம்ப நீர்த்த பகுதி. 2 கிலோ காயில தோல், காம்பு, விதை போக ஏறக்குறைய 1.3 கிலோ நிக்கும். வழிச்ச விதையை எறிய வேண்டாம். அன்னைக்கு நீர்மோர் உண்டே, அடிச்சு வடிகட்டி அதுல சேர்த்துக்கலாம்.

பச்சைமிளகாய்

உப்புப் போட்டுப் பிழியுறதுதான் நிச்சயமான வழி. நறுக்கின எடையில 1.5 சதவீதம் உப்பு, அதாவது 1.3 கிலோவுக்கு 20 கிராம். பிசிறி வடிதட்டுல 25 நிமிஷம் வச்சு, மல் துணியில கட்டி ஒரு முறை அழுத்திப் பிழிஞ்சா அப்புறம் தண்ணீரே வராது.

உப்புக்கல்

தண்ணீர் வராதுங்கிறது சரி. ஆனா வடைப்பருப்புக்கு அது பொருந்தாது. பிழிஞ்ச வெள்ளரி வளைஞ்சு கொடுக்கும், கடிச்சா ஊறுகாய்த் துண்டு மாதிரி நெருநெருன்னு இருக்கும். தயிர்ப் பச்சடிக்கு அது நல்ல குணம், பருப்போட சேரும்போது சோர்ந்து தெரியும். 40 நிமிஷம் தாண்டினாலோ ரெண்டு தடவை முறுக்கிப் பிழிஞ்சாலோ தோல் மாதிரி ஆகிடும்.

நீர் எப்படியும் வரும். கலக்குறதுக்கு முன்னாடியே வர வச்சுக் கொட்டணும், இல்லைன்னா இலையில விழுந்த அப்புறம் வரட்டும்னு தள்ளிப் போடணும். வடைப்பருப்புக்கு ரெண்டாவதுதான். நறுக்கின வெள்ளரி தனியா, உப்பில்லாம, மூடி போட்ட பாத்திரத்துல ஃப்ரிட்ஜுல இருக்கட்டும். பந்தி உட்காரும்போது கலக்கினா 15, 20 நிமிஷம் கறுக்குன்னு நிக்கும். ரெண்டு பந்தின்னா ரெண்டு தடவை கலக்குங்க.

பச்சைமிளகாய்

பந்தி தாமதமானா?

உப்புக்கல்

கலக்காம காத்திருங்க, அவ்வளவுதான். முன்னாடியே கலந்தே ஆகணும்னா மட்டும் நீங்க சொன்ன 1.5 சதவீதக் கணக்கு. அப்பவும் விதை எடுக்கணும்.

பரிமாறுபவன்

வெள்ளரியை மட்டும் குறை சொல்றீங்க. தண்ணீர் மூணு இடத்திலிருந்து வருது.

பருப்பு: ராத்திரி முழுக்க ஊறின பாசிப்பருப்பு குடிச்ச நீரைப் பிடிச்சு வைக்காது, கிளறினா குழையும். பங்குனி வெயிலுக்கு ஒரு வாடையும் தட்டும். 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் போதும். நகத்தால அழுத்தினா சுலபமா ரெண்டாகணும், நசுங்கக் கூடாது. வடிதட்டுல 20 நிமிஷம் வடிய விட்டு, துணியில பரப்பி ஒத்தி எடுங்க. 250 கிராம் பருப்பு ஊறினா சுமார் 500 கிராம் வரும்.

எலுமிச்சை: 4 பழம்னா கிட்டத்தட்ட அரை டம்ளர் சாறு. அதுவே குழம்பு மாதிரி அடியில நிக்கும். மாங்காய் கிடைக்கிற பருவம்தானே, கிளிமூக்கு மாங்காய் ஒண்ணைப் பொடியா நறுக்கிப் போட்டு எலுமிச்சையை ஒண்ணரைப் பழமாகக் குறைங்க. புளிப்புக்குப் புளிப்பு, நீரும் குறைவு.

தாளிப்பு: கொதிக்கிற எண்ணெய் பட்ட துண்டு அந்த இடத்திலேயே வெந்து தளர்ந்துடும். தாளிப்பைப் பருப்பு, தேங்காய்க் கலவையில கொட்டிப் புரட்டி ஆற விடுங்க. வெள்ளரி கடைசியா சேரட்டும். எண்ணெய் பூசின பருப்பு வெள்ளரித் துண்டைச் சுத்தி ஒட்டுறதால உப்பு நேரடியா படுறதும் கொஞ்சம் தாமதமாகும்.

தேங்காயைத் துருவின கையோட குளிர்ச்சியில வச்சிடுங்க. ஊறின பருப்பும் தேங்காயும் சேர்ந்து வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. காலை 8 மணிக் கலவையில எனக்கு உறுத்துறது தண்ணீரை விட இதுதான்.

வாசல்படி

நல்லா புரியுது, நன்றி. உப்பு கரிக்குது, சப்புனு இருக்குன்னு சொன்னேனே, அது?

உப்புக்கல்

கல் உப்பு கரையாம அங்கங்கே நிக்குது. எலுமிச்சைச் சாறுல உப்பைக் கரைச்சு அந்தச் சாறைத் தெளிச்சுக் கலக்குங்க. உங்க மொத்தக் கலவை: வெள்ளரி 1.3 கிலோ, பருப்பு அரை கிலோ, தேங்காய் மாங்காய் சேர்த்து 300 கிராம். ஆக 2.1 கிலோ. 0.8 சதவீதம்னு வச்சா 17 கிராம் உப்பு. தூள் உப்பு தலை தட்டின டீஸ்பூன் சுமார் 6 கிராம், அதனால மூணு ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. கல் உப்பைக் ஸ்பூன்ல அளக்காதீங்க, கல்லுக்கு நடுவுல இடைவெளி இருக்கிறதால எடை குறையும். தராசுல போடுங்க. ஒன்றரைப் பழச் சாறுல 17 கிராம் முழுசா கரையலைன்னா ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல முதல்ல கரைச்சு ஆற வச்சுக்கலாம். ருசி பார்க்க முடியாத சமையலுக்கு எடைதான் நாக்கு.

தோட்டக்காரி

கசப்புக்கு வர்றேன்.

கசப்பு குக்கர்பிட்டாசின்ங்கிற பொருளால. காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலயும் அதிகமா சேரும். வெயில் காலத்துல தண்ணீர் விட்டு விட்டுப் பாய்ஞ்ச கொடியில கூடும், அதனால ஒரே கூடையில ஒண்ணு இனிக்கும், ஒண்ணு கசக்கும். காம்பை வெட்டி அதே துண்டால தேய்ச்சு நுரை எடுக்கிற பழக்கம் எல்லா வீட்லயும் இருக்கு. அந்த நுரையோட கசப்பு கழன்று போறதில்ல. உதவுறது காம்பு வெட்டினதுதான். காம்புப் பக்கம் ரெண்டு விரல் அகலம் வெட்டிப் போட்டு, தோலைத் தடிமனா சீவுங்க.

இப்படிச் செஞ்சும் கடுமையா கசக்கிற காயைச் சேர்க்கவே வேண்டாம். உப்பு, எலுமிச்சை போட்டு மறைக்கிற விஷயம் இல்ல, வயித்தைப் புரட்டும், பேதி ஆகும்.

நைவேத்தியத்துக்கு: பருப்பு, தேங்காய், மாங்காய் மட்டும் போட்டு ஒரு சின்னக் கிண்ணம் தனியா கலந்து படைச்சிடுங்க. பூஜை முடிஞ்ச அப்புறம் வெள்ளரியை நறுக்குங்க, ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்க வில்லை ஒண்ணைக் கடிச்சுப் பாருங்க. 11 மணிக்கு நறுக்கினா 12.30க்குப் புதுசாவும் இருக்கும்.

காய் வாங்கும்போதே பாதி வேலை. ஒல்லியா, கெட்டியா, விரலால அழுத்தினா பள்ளம் விழாததா எடுங்க. மஞ்சள் தட்டினது, நடுவுல உப்பினது முத்தல், விதை கெட்டிப்பட்டிருக்கும். ஆரஞ்சு மஞ்சளா உருண்டையா வர்ற சாம்பார் வெள்ளரியும் வேண்டாம், அது வேக வைக்கிற காய்.

வாசல்படி

காயை மூணு நாள் முன்னாடியே வாங்கி ஃப்ரிட்ஜுல வைக்கலாமா? முன்னாடி வச்சப்போ மேல பள்ளம் பள்ளமா ஈரத் திட்டு வந்துச்சு.

தோட்டக்காரி

அது குளிர் அடிச்ச திட்டு. வெள்ளரிக்கு 10 முதல் 13 டிகிரி பிடிக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில இருக்கும். ரெண்டு நாள் தாங்கும், அதுக்கு மேல திட்டு விழுந்து அழுக ஆரம்பிக்கும். முந்தின நாள் வாங்குறதே நல்லது. கழுவாம செய்தித்தாள்ல சுத்தி, காய்கறித் தட்டுலயோ கதவுப் பக்கமோ வைங்க. வாழைப்பழம், தக்காளி, பழுக்கிற மாம்பழம் பக்கத்துல வேண்டாம், அதுங்க விடுற எத்திலீன் வாயுவுல வெள்ளரி சீக்கிரம் மஞ்சளாகும்.

லேசா வாடின காய்னா நறுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு முனையையும் வெட்டி, தோல் சீவி, ஐஸ் கட்டி போட்ட வெறும் தண்ணீர்ல அரை மணி நேரம் போடுங்க. செல் திரும்ப நீரை உறிஞ்சி விறைச்சுக்கும். உப்புத் தண்ணீர்னா எதிர்மாறா நடக்கும். எடுத்து ஈரம் போகத் துடைச்சிட்டு நறுக்குங்க. நறுக்கின துண்டை ஊற வைக்காதீங்க, ருசி தண்ணியோட போயிடும்.

பச்சைமிளகாய்

அப்போ என் பிழிஞ்ச வெள்ளரிக்குத் தயிர்ப் பச்சடிதான் கதி போல. அதுக்கான அளவையும் எழுதி வச்சிடுறேன், கேட்பாங்க. அரை கிலோ வெள்ளரி, 7 கிராம் உப்பு, 25 நிமிஷம், ஒரு பிழி. 300 மி.லி. கெட்டித் தயிர், துணியில ஒரு மணி நேரம் தொங்க விட்டது. தயிருக்குத் தனியா உப்பு போடாதீங்க, கலந்து பார்த்துட்டு வேணும்னா போடுங்க. இதுல துருவினாலும் பரவாயில்ல.

வாசல்படி

கடைசியா ஒண்ணு. கலந்தது மிஞ்சிடுச்சுன்னா மறுநாள் வைக்கலாமா?

பரிமாறுபவன்

பச்சையா வேண்டாம். பந்தி முடிஞ்சதும் ஃப்ரிட்ஜுல வச்சு, சாயங்காலமே நீரை வடிச்சிட்டு மிக்ஸியில கொரகொரன்னு அரைச்சு, அரிசி மாவோ ரவையோ சேர்த்து அடையா தட்டிடுங்க. எலுமிச்சை இருக்கிறதால மாவுல புளிப்பு தெரியும், ரெண்டு வரமிளகாய் கூட வைங்க.