கலைச்சொல் உதவி: கேபிளின் ‘கோர்’ (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களே, வணக்கம்.

மின்பணிப் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்து அத்தியாயங்கள் மளமளவென்று வந்தன. ஆறாவதில், கேபிளின் அமைப்பைச் சொல்லும் இடத்தில், ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாகிறது.

மேசைமேல் ஒரு சாண் நீளக் கேபிள் துண்டு கிடக்கிறது. அதன் வெட்டுமுகத்தைப் பார்த்தபடிதான் எழுதுகிறேன். வெளியே கறுப்பு பிவிசி உறை. அதற்குள் நெருக்கமாக அடுக்கிய எஃகுக் கம்பிகள். அதற்குள் இன்னோர் உறை. அதற்கும் உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பெரிய துண்டங்களும், கறுப்பில் சின்னதாக ஒன்றும். ஒவ்வொன்றின் நடுவிலும் அலுமினியம் பளபளக்கிறது. உறை, கவசம், காப்பு, கடத்தி எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது. கடத்தியும் அதன்மேல் போர்த்திய காப்பும் சேர்ந்து ஒரு பொருளாக நிற்கிறதே, அதற்குத்தான் கிடைக்கவில்லை. அதைத்தான் கோர் என்கிறார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தில் டிரான்ஸ்பார்மர் கோரை ‘உள்ளகம்’ என்று எழுதி, அது பக்க வடிவமைப்புக்கும் போய்விட்டது. இங்கேயும் அதையே போட்டால் ‘மூன்று உள்ளகக் கேபிள்’ ஆகும். ஒரு பொருளுக்கு மூன்று நடு எப்படி என்று முதல் வரிசை மாணவரே கேட்பார். போதாக்குறைக்கு என் மேசைமேல் இருப்பது மூன்றரை கோர்: பெரியது மூன்று, சின்னது அரைக் கணக்கு.

கைகொடுங்கள்.
பூ.

*

அன்புள்ள பூ. அவர்களுக்கு,

மூன்று நாள் தேடியிருக்க வேண்டாம். ‘காழ்’ என்று போடுங்கள்.

தொல்காப்பிய மரபியல் “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப” என்கிறது. காழ் என்றால் வயிரம், தண்டில் இறுகிக் கெட்டியான பகுதி. பனையும் மூங்கிலும் வெளியே வயிரம் பாய்ந்தவை, ஆகவே புல். உள்ளே வயிரம் பாய்ந்தது மரம். கோர் என்பதற்கு இதைவிட நேரான சொல் வேண்டுமா? வேண்டும் என்றால் அதுவும் உண்டு. காழ் என்பதற்கு மணி கோத்த வடம் என்றும் பொருள். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி அணிந்தது ‘முப்பத்திரு காழ்’. முப்பத்திரண்டு கோவை முத்து. உங்கள் துறையார் இதை முப்பத்திரண்டு கோர் என்பார்கள்.

ஒருகாழ், இருகாழ், முக்காழ், நாற்காழ், ஐங்காழ் என எண்ணோடு இழைந்து புணர்வதைப் பாருங்கள். இன்னும் ஒரு படி போகலாம். இடையணிகளில் எண்கோவை காஞ்சி, எழுகோவை மேகலை, பதினாறு கலாபம், பதினெட்டு பருமம், முப்பத்திரண்டு விரிசிகை என்று எண்ணுக்கு ஒரு பெயர் வைத்தவர்கள் நாம். ஏழு கோர் கட்டுப்பாட்டுக் கேபிளை ‘மேகலை’ என்றே சொல்லிவிடலாம்.

கவசமிட்ட கேபிள் புறக்காழ் உடையது என்பதால் தொல்காப்பியர் கணக்கில் அது புல். இதை மட்டும் விளையாட்டாகச் சொன்னேன்.

த.

*

> இதை மட்டும் விளையாட்டாகச் சொன்னேன்

ஐயா, மேகலை விளையாட்டு இல்லையா? கிடங்கில் போய் “ரெண்டு மேகலை எடுத்து வா” என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபத்து சொச்சம் வருடம் கேபிள்களை இணைத்து ஜாயின்ட் போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கோர் வேறு, கடத்தி வேறு. இந்த வேறுபாட்டைக் காக்காத சொல் எதுவாக இருந்தாலும், தூய தமிழாகவே இருந்தாலும், கையேட்டுக்கு ஆகாது.

உயர் அழுத்தக் கேபிளில் 6.35/11 கிலோவோல்ட் என்று எழுதியிருக்கும். முதல் எண் கடத்திக்கும் மண்ணுக்கும் இடையே, இரண்டாவது இரு கடத்திகளுக்கு இடையே. முதல் எண்ணைத் தாங்குவது ஒவ்வொரு கோரும் தன்மேல் போட்டிருக்கும் சட்டை. அலுமினியத்தின்மேல் கறுப்பாக, அரைகுறையாக மின்சாரம் கடத்தும் ஒரு படலம். அதன்மேல் எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்பு. அதன்மேல் மறுபடி ஒரு கறுப்புப் படலம், கடைசியாகச் செம்பு நாடா. அந்த வெளிப் படலத்தைக் குறித்த அளவுக்கு உரிக்க வேண்டும், காப்பில் நகக்கீறல்கூட விழக் கூடாது. கீறலில் காற்று தங்கும். காற்றுக்குள் நுண்ணிய மின்பொறி அடித்துக்கொண்டே இருக்கும், காப்பை அரித்துக்கொண்டே போகும். என் கத்தி ஒருமுறை மயிரிழை ஆழம் கூடுதலாக இறங்கியது, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து அதே ஜாயின்ட் வெடித்தபோது தெரிந்தது.

கையேட்டில் “கோர் தெரியும்வரை உரிக்கவும்” என்று ஒரு வரி வரும், கட்டாயம் வரும். அங்கே ‘வயிரம் தெரியும்வரை’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டால் பையன் அலுமினியம் தெரிகிறவரை சீவிவிடுவான். ஐயாவின் காழில் எனக்குள்ள பயம் இதுதான். கோர் என்றே எழுதுங்கள், எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம், புறக்காழ் என்றால் எஃகுதான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒற்றைக் கோர் கேபிளுக்கு மாறுமின்னோட்டத்தில் எஃகுக் கம்பிக் கவசம் ஆகாது. கவசமே காந்தமாகிச் சூடேறும். அதற்கு அலுமினியக் கம்பிதான். மூன்று கோரும் ஒன்றாக இருந்தால் காந்தப்புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், எஃகு போடலாம். புல்லிலும் வகை உண்டு.

செ.

*

வணக்கம். இலங்கையில் படித்தவன் என்ற முறையில் சில சொற்களை ஞாபகப்படுத்தலாம்.

எங்கள் பாடநூலில் கடத்திக்கு எதிர் காவலி. வீட்டு இணைப்பில் உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி. நியூட்ரலுக்கு ‘நொதுமல்’ என்று வைத்தவரைக் கும்பிட வேண்டும். அகத்துறையில் ‘நொதுமலர் வரைவு’ வருகிறதே, அயலார் பெண் கேட்டு வருவது, அந்த நொதுமல்தான். பூ. அக்காவின் மேசையில் இருக்கும் கறுப்புச் சின்னத் துண்டமும் நொதுமல்தானே?

பிரெஞ்சுக்காரர் கேபிளின் கடத்தியை ‘ஆம்’ என்பார்கள், ஆன்மா என்று பொருள். ஜெர்மானியர் காப்போடு சேர்ந்த கோரை ‘ஆடர்’ என்பார்கள், குருதிநாளம். அப்படிப் பார்த்தால் நமக்குக் கடத்தி உயிர், காப்பு மெய். இரண்டும் சேர்ந்த கோர்?

உயிர்மெய்!

செ. அண்ணன் கேட்ட வேறுபாடு அப்படியே நிற்கிறது. இலக்கணம் படித்த எவரும் மறக்கவும் மாட்டார்.

ந.

*

தம்பி ந.,

ரசித்தேன். ஆனால் உயிரும் மெய்யும் சேர்ந்த எழுத்தில் மெய்தான் முன்னே ஒலிக்கும், உயிர் பின்னே. இங்கே உயிர் உள்ளே, மெய் வெளியே. வரிசை பொருந்துகிறதா என்று யோசிக்க வேண்டும். பொருந்துகிறது என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது: வெளியிலிருந்து உரிக்கிறவனுக்கு மெய்தான் முதலில் அகப்படும்.

‘காவலி’யில் எனக்கு ஓர் ஐயம். நோயைச் சுமக்கும் கொசுவை உங்கள் நாட்டில் ‘நோய்க்காவி’ என்கிறீர்கள். காவுதல் என்றால் சுமத்தல், காவடி அதிலிருந்து வந்தது. காவல் வேறு வேர். காவி சுமக்கும், காவலி விடாது. ஓரெழுத்தில் பொருள் தலைகீழாகிறது. தேர்வில் எத்தனை பிள்ளைகள் இதில் விழுந்திருப்பார்களோ.

இன்சுலேஷனின் வேர் லத்தீனில் ‘இன்சுலா’, அதாவது தீவு. மின்சாரம் நான்கு பக்கமும் கரை தாண்டாமல் தீவாக்குவது. ஆற்றின் நடுத்தீவை நாம் ஆற்றிடைக்குறை என்போம். அதன்படி ‘மின்னிடைக்குறை’ என்று நான் முன்பு ஒருமுறை முன்மொழிந்தேன். யாரும் பதில் எழுதவில்லை.

த.

*

> யாரும் பதில் எழுதவில்லை

ஐயா, இடைக்குறை என்றதும் ‘ஓந்தி’ ‘ஓதி’ ஆவதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். நடுவில் ஏதோ விழுந்துவிட்ட கேபிள் என்று ஆகிவிடும்.

நான் பயிற்சி வகுப்பு எடுப்பவன். இங்கே வந்த சொற்களை இன்று காலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன்.

கரும்பலகையில் எழுதாமல், “முக்காழ் கேபிள் ஒன்று வரைந்து காட்டுங்கள்” என்றேன். பாதிப்பேர் குறிப்பேட்டில் ‘முக்கால் கேபிள்’ என்று எழுதினார்கள். ஒருவர் எழுந்து, “சார், முக்கால் இஞ்சா, முக்கால் மீட்டரா?” என்று கேட்டார். நாற்காழ் என்றேன், சிரித்தார்கள். என் நாக்கு ழகரத்துக்கு நன்றாகவே வளையும். அவர்கள் காதுக்குத்தான் கால் என்று கேட்டது. அளவும் எண்ணும் புழங்கும் துறையில் மூன்றும் முக்காலும் ஒன்றுபோல் ஒலித்தால் என்ன ஆகும் என்று செ. சொல்வார்.

உயிர்மெய்க்கு, “அப்போ ஆய்தம் எது சார்?” என்று கேள்வி வந்தது. கறுப்புச் சின்னத் துண்டத்தைக் காட்டித் தப்பித்தேன்.

நன்றாக எடுபட்டவை இரண்டு. ஒன்று வடம். ‘மூன்று வடச் சங்கிலி’ என்று வீட்டில் கேட்டுப் பழகியவர்கள்தானே, ‘மூன்று வடக் கேபிள்’ சட்டென்று புரிந்தது. இரண்டாவதைச் சொன்னது ஒரு மாணவி. வெட்டுமுகத்தைப் பார்த்துவிட்டு “சுளை மாதிரி இருக்கு” என்றார். உண்மைதான். பெரிய கேபிள்களில் இடத்தை மிச்சப்படுத்தக் கடத்தியை வட்டமாக விடாமல் கோண வடிவில் அழுத்தியிருப்பார்கள், ஆரஞ்சுச் சுளைகள் கூடி வட்டமானது போலத்தான் தெரியும். மூன்றரைச் சுளை!

கு.

*

கு. ஐயாவின் வகுப்பில் உட்கார ஆசை.

ஆனால் வடத்தில் ஒரு சிக்கல். முழுக் கேபிளுக்கே ‘மின்வடம்’ என்று எத்தனையோ நூல்கள் எழுதிவிட்டன. பூ. அவர்களின் ஐந்தாம் அத்தியாயத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன். வடத்துக்குள் வடம் என்றால் மறுபடி குழப்பம். சுளை வட்டக் கடத்திக்குப் பொருந்தாது. சின்ன அளவுகள் எல்லாம் வட்டம்தான்.

‘புரி’ என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். முப்புரிநூல் அழகாக இருக்கிறது, ஆனால் புரி கடத்திக்குள் முறுக்கியிருக்கும் தனிக்கம்பிக்கு ஏற்கனவே வேண்டியிருக்கிறது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, அப்புறம் பதினெட்டு. அதனால்தான் 7, 19, 37 என்று போகிறது. அந்தக் கணக்கைக் கெடுக்காதீர்கள்.

முக்காழ் விஷயத்தில் என் பதில் ஒரே வரி: ஆர்டர் தாளில் தப்பு வந்தால் கேபிள் உருளையோடு திரும்பிப் போகும்.

செ.

*

ழகரம் காதில் விழாதவர்களுக்காகச் சொல்லை விட்டுக்கொடுத்தால், மொழியின் பெயரையும் ‘தமில்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வகுப்பில் ஒருநாள் சிரித்ததால் ஒரு சொல் தோற்றுவிடாது. ‘மிதிவண்டி’க்கும் சிரித்தார்கள். ‘பேருந்து’க்கும் சிரித்தார்கள். இன்று யார் சிரிக்கிறார்கள்? சொல் புழங்கினால் புரியும். புரிந்தால்தான் புழங்குவேன் என்றால் எந்தச் சொல்லும் பிறக்காது.

செ. அவர்களின் பயம் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். வயிரம் என்ற பொருளில் மட்டும் பார்த்தால் காழ் கடத்தியைக் குறிக்கும். ஆனால் மணிக்கோவை என்ற பொருளில், நூலும் நூலை மூடிய மணியும் சேர்ந்ததே காழ். நூல் கடத்தி, மணி காப்பு. நான் இரண்டாம் பொருளில் சொல்கிறேன்.

த.

*

நண்பர்களே,

மணி இரவு பதினொன்று. நாளை வெள்ளி.

ஐயாவின் கடைசி மடலைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் காழுக்கே போய்விடலாமா என்று தோன்றியது. நூலும் மணியும் என்ற விளக்கம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் அதைப் பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும், அதுவும் முக்கால் என்று காதில் விழாமல்.

முடிவு இது. ‘கோர்’ என்றே வைக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் “காப்பிட்ட ஒரு கடத்தியைக் கோர் என்கிறோம், காப்பை நீக்கினால் எஞ்சுவது கடத்தி, அது கோர் அன்று” என்று எழுதியிருக்கிறேன். உரிக்கும் பகுதியில் கோர் தெரியும்வரை என்று விடாமல், எந்தப் படலம்வரை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன், செ. அவர்களுக்காக. மூன்றரைக்கு ஒரு தனிப் பத்தி: மூன்று கோர் முழு அளவு, நான்காவது நொதுமலுக்கு, ஏறத்தாழ அதில் பாதி. 185 சதுர மில்லிமீட்டருக்கு 95 வரும். பாதி 92.5 தானே என்று யாரும் கேட்டால், அப்படி ஓர் அளவு தயாரிப்பில் இல்லை, பட்டியலில் அடுத்து இருப்பது 95. ‘நொதுமல்’ உள்ளே வந்துவிட்டது, ந.வுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். டிரான்ஸ்பார்மருக்கு உள்ளகம் உள்ளகமாகவே இருக்கட்டும்.

நூலின் கடைசியில் வரும் சொற்பட்டியலில் கோர் என்பதன் எதிரே ‘காழ்’ என்றும் சேர்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை ஐயா.

ஒன்று மறந்தேன். கவசத்துக்கு அடியில் இருக்கும் உள் உறையைச் சில இடங்களில் ‘பெடிங்’ என்கிறார்கள். எஃகுக் கம்பி கோர்களின்மேல் நேராக அழுந்தாமல் இருக்க விரிப்பது. இப்போதைக்கு ‘மெத்தை’ என்று போட்டிருக்கிறேன். காலை எட்டு மணிவரை நேரம் இருக்கிறது.

பூ.

*

அம்மா,

சொற்பட்டியலில் கடைசியில் கிடந்தாலும் காழ் காழ்தான். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மெத்தை வேண்டாம். ‘அணை’ என்று ஒரு சொல் இருக்கிறது, பஞ்சணை, தலையணை என்பதில் வருவது. ஆனால் நீரைத் தடுப்பதும் அணைதான், விளக்கை அணைப்பதும் அதே ஒலிதான். வேரைப் பார்த்துவிட்டு ஏழரைக்குள் எழுதுகிறேன்.

த.

*

ஏழரை என்றா சொன்னீர்கள் ஐயா? மெத்தையே இருக்கட்டும், பூ.

செ.