டெலிரியத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்: சன்னியா, சித்தப்பிரமையா, நினைவுக்கலக்கமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் கையேட்டின் தமிழாக்கம் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. சைக்கோசிசுக்கு, அதாவது நிஜத்தோடு தொடர்பு அறும் மனநோய் நிலைக்கு, 'உளப்பிறழ்வு' என்று எழுதிவிட்டோம்; அதில் தகராறு இல்லை. உடம்பு நோயால் திடீரென வரும் குழப்பமான டெலிரியத்துக்கு மூன்று வரைவில் மூன்று சொல். முதலில் 'சித்தப்பிரமை', பிறகு 'மனக்குழப்பம்', இப்போது 'சன்னி'. எதுவும் ஒட்டவில்லை.

இந்தச் சொல் எங்கே பயன்பட வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 70 வயது அம்மா, இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை முடிந்த 2ஆம் நாள். பகலெல்லாம் மகளோடு நன்றாகப் பேசியவர், இரவு 11 மணிக்கு மேல் சலைன் குழாயைப் பாம்பு என்று பிடுங்குகிறார். இறந்துபோன கணவரைக் கூப்பிடுகிறார், கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். விடிந்தால் மறுபடி தெளிவு. அந்த இரவில் குறிப்பேட்டில் விழும் ஒரு சொல்லைப் பொறுத்துத்தான் அடுத்து யாரை அழைப்பார்கள், என்ன ஊசி போடுவார்கள் என்பது இருக்கிறது. அதைத் தாங்கும் சொல்லாகச் சொல்லுங்கள்.

*

> முதலில் 'சித்தப்பிரமை', பிறகு 'மனக்குழப்பம்'

மனநல மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் முதல் வேண்டுகோள்: சித்தம், மனம், உளம் மூன்றும் இந்தச் சொல்லில் வரவே கூடாது. வந்தால் நோயாளி எங்கள் பிரிவுக்கு அனுப்பப்படுவார். காரணமோ சிறுநீர்த் தொற்றிலோ, நிமோனியாவிலோ, இறங்கிப்போன சோடியத்திலோ, நேற்று புதிதாகச் சேர்த்த மாத்திரையிலோ இருக்கும். டெலிரியம் என்பது உடம்பு கெட்டு, அதனால் மூளை தடுமாறுவது. அதை உளப்பிறழ்வு என்று எழுதும்போது இழப்பது நேரத்தை.

சொல் தேடுகிறவர்களுக்கு இரண்டின் எல்லையும் தெரிய வேண்டும். உளப்பிறழ்வில் ஆள் விழிப்பாக இருப்பார். தேதி, இடம் கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்வார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் தன் எண்ணங்களைத் திருடுகிறார் என்பார், அதை வாரக்கணக்கில் மாறாமல் சொல்வார். குரல் கேட்பது அதிகம், உருவம் தெரிவது குறைவு. தொடக்கம் பெரும்பாலும் இளவயதில், மெல்ல மெல்ல. டெலிரியம் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் வந்துவிடும். ஒரே நாளில் ஏறி இறங்கும், இரவில் கூடும். கவனம் ஓரிடத்தில் நிற்காது. விழிப்பு நிலையே மாறியிருக்கும். பூச்சி, எறும்பு, ஆள் என்று கண்ணுக்குத் தெரிவதுதான் அதிகம். 60 வயதுக்கு மேல் முதல் தடவையாக ஒருவர் இப்படிப் பேசினால், வேறு காரணம் உறுதியாகும் வரை உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று. சலைன் குழாய் பாம்பாகத் தெரிவது மாயக்காட்சி அல்ல, திரிபுக்காட்சி. பொருள் ஒன்று அங்கே இருக்கிறது, அது வேறாகத் தெரிகிறது. பழைய கயிற்றரவு உவமையேதான். ஒன்றுமே இல்லாத சுவரில் பூச்சி தெரிந்தால்தான் மாயக்காட்சி. கையேட்டில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, பிரித்து எழுதுங்கள்.

*

சொல் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

'சன்னி' வடமொழிச் 'சன்னிபாத'த்திலிருந்து வந்தது. வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றமும் ஒருங்கே கெட்டு வரும் கடுங்காய்ச்சல் நிலை. காய்ச்சலில் பிதற்றுவதை நம் ஊரில் 'ஜன்னி கண்டிருக்கு' என்பார்கள், எனவே பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் அதே சொல் பிரசவ ஜன்னிக்கும் போகிறது, வலிப்புக்கும் போகிறது. காய்ச்சலே இல்லாமல் வரும் டெலிரியத்துக்குச் 'சன்னி' என்றால் உறவினர் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், சூடில்லை என்று நிம்மதியாகிவிடுவார். ஆபத்து அங்கேதான்.

லத்தீனில் 'லிரா' என்றால் உழவு சால். ஏர் சாலை விட்டு விலகுவதுதான் 'டெலிரியம்'. 'சால்பிறழ்வு' என்று மொழிபெயர்க்கும் ஆசை எனக்கும் வந்தது. அழகான படிமம்தான், ஆனால் விளக்கம் சொல்லாமல் ஒருவருக்கும் புரியாது. கலைச்சொல்லுக்கு அது போதாது.

பக்கத்து வீட்டுக்காரர் எண்ணங்களைத் திருடுகிறார் என்பது போன்ற டெலூஷனுக்குக் கையேட்டில் 'தவறான நம்பிக்கை' என்றிருக்கிறது. தேர்தலில் யார் ஜெயிப்பார் என்பதில்கூட ஒருவருக்குத் தவறான நம்பிக்கை இருக்கலாம். 'பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்' என்று குறள் 351 வரையறையாகவே தந்திருக்கிறது. 'மருள்' என்றே வைத்துக்கொள்வோம்.

டெலிரியத்துக்கு என் முன்மொழிவு 'கலக்கம்' என்ற வேரிலிருந்து. குட்டையைக் கலக்கினால் கலங்கும், கொஞ்சம் விட்டால் தெளியும், மறுபடி கலங்கும். ஏறி இறங்குவது, காரணம் நீங்கினால் தெளிவது இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. 'பிறழ்வு', 'சிதைவு' இவற்றில் திரும்பி வருவது என்ற பொருளே இல்லை. 'மயக்கம்' வேண்டாம், தமிழ்நாட்டில் மயக்கம் என்றால் விழுந்துவிட்டார் என்று பொருள். முன்னால் எது வர வேண்டும் என்பதுதான் கேள்வி: மதி, உணர்வு, அறிவு, நினைவு?

*

தீவிர சிகிச்சைப் பிரிவுப் பணியிலிருந்து எழுதுகிறேன். உறவினர் வாயில் வருவது 'நினைவு'தான். "நினைவு இல்லாம கிடக்கார்", "நினைவு வந்துருச்சு", "நினைவு தப்பித் தப்பி வருது". 'உணர்வு' என்று எழுதினால் கை கால் உணர்வு என்று எடுத்துக்கொள்வார்கள். 'மதி' யாரும் பேசுவதில்லை.

> என்ன ஊசி போடுவார்கள் என்பது இருக்கிறது

ஊசிக்கு முன் கண்டுபிடிக்க வேண்டுமே. சத்தம் போடுகிறவரை எல்லாரும் பார்த்துவிடுகிறோம். சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, கேட்டால் அரைகுறையாக முனகுகிறவரை 'நன்றாகத் தூங்குகிறார்' என்று எழுதுகிறோம். தவறவிடுவது இந்த வகையைத்தான். சொல் எதுவானாலும் இதையும் உள்ளடக்க வேண்டும். 'பிதற்றல்' சரிப்படாது, இவர் பிதற்றுவதே இல்லை.

டெலிரியத்தைக் கட்டிலருகிலேயே கண்டறியும் 4ஏடி சோதனையைத் தமிழில் செய்வது பற்றியும் கையேட்டில் வர வேண்டும். நான்கு பகுதி: விழிப்பு; வயது, பிறந்த தேதி, இடம், நடப்பு ஆண்டு; மாதங்களைப் பின்னிருந்து சொல்வது; திடீர் மாற்றம். விழிப்பு தெளிவாகக் கெட்டிருந்தால் 4, திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ இருந்தால் 4. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் இருக்கலாம் என்று கொண்டு காரணம் தேட வேண்டும். சிக்கல் மாதங்களில் வருகிறது. டிசம்பர், நவம்பர் என்று சொல்லச் சொன்னால் பள்ளி போகாத பாட்டி நன்றாக இருக்கும்போதே நின்றுவிடுவார். பங்குனி, மாசி, தை, மார்கழி என்று தொடங்கிக் கொடுத்தால் பலர் சொல்லிவிடுகிறார்கள். அதுவும் வராவிட்டால் சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமைகள். ஆனால் அது எளிது, எனவே மதிப்பெண்ணாகப் போடாமல் 'கிழமையில் சோதித்தது' என்று குறிக்க வேண்டும். பிறந்த தேதி பலருக்குத் தெரியாது. தெரியாததைப் பிழையாகப் போடும் முன், 'முன்பு சொல்வாரா?' என்று மகனிடமோ மருமகளிடமோ கேளுங்கள். திடீர் மாற்றத்தையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்: "போன வாரம் இப்படித்தான் பேசினாரா?"

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, பத்து எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'எட்டு' வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்லலாம். மூன்று பிழை வந்தால் கவனம் நிற்கவில்லை.

*

பொது மருத்துவத்திலிருந்து.

சிஸ்டர் சொன்ன 'நினைவுக்கலக்கம்' எனக்குச் சம்மதம். ஒரே தயக்கம்: 'மறதிநோய்' என்று டிமென்ஷியாவுக்கு எழுதுகிறோம், நினைவு என்றால் ஞாபகம் என்றும் படிப்பார்கள். அதற்காக 'திடீர் நினைவுக்கலக்கம்' என்று முதல் வரையறையில் ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். மறதிநோய் உள்ளவருக்கே இது மேலே வந்து சேரும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். அதிகம் மாட்டுவது அவர்கள்தான்.

தவறான பெயர் தவறான ஊசியில் முடிவதற்கு ஒரு நேர் எடுத்துக்காட்டு. மனநல அவசரத்தில் கிளர்ச்சியை அடக்க ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்த்துப் போடுவது வழக்கம். அதே கலவையை மேலே சொன்ன அம்மாவுக்குப் போட்டால், புரோமெதசினின் அசிட்டைல்கோலின் எதிர்ப்பே (நரம்புச் செய்தி கடத்தும் அந்தப் பொருளைத் தடுப்பதே) கலக்கத்தைக் கூட்டும், சிறுநீரையும் அடைக்கும். ஏவில், அமிட்ரிப்டிலின், டிரைஹெக்சிஃபெனிடில் எல்லாம் இதே வரிசை. டயசிபாம் வகையும் கெடுக்கும். விலக்கு, குடியை நிறுத்தியதால் வரும் கலக்கம்: கடைசிக் குடிக்குப் பின் 2 முதல் 4 நாளுக்குள், கை நடுக்கம், வியர்வை, வேகமான நாடியோடு வருவது. அதற்கு அதே டயசிபாம், லோரசிபாம் வகையே மருந்து, தயமினும் (வைட்டமின் பி1) கட்டாயம். குளுக்கோஸ் ஏற்றும் முன்போ கூடவோ தயமின் போக வேண்டும். சர்க்கரை இறங்கியிருந்தால் மட்டும் தயமினுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மற்றவருக்குப் பார்க்கும் வரிசை: முதலில் விரல்நுனிச் சர்க்கரை, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், காய்ச்சல். அடுத்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தல். நிரம்பிய சிறுநீர்ப்பையும் நான்கு நாள் மலச்சிக்கலும் ஆளைக் கலக்கிவிடும், ஸ்கேனில் இரண்டையும் தேட மாட்டார்கள். பிறகு வலி, சோடியம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, மாத்திரைப் பட்டியல். கண்ணாடி, காதுக்கருவி இரண்டும் கைப்பையில் கிடந்தால் எடுத்து மாட்டுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில், இரவில் மங்கல் விளக்கு. கட்டிப்போடுவது கடைசிக்கும் கடைசி. கட்டினால் திமிறல் கூடும். ஆபத்தோ பெரும் துயரமோ இருந்து, பேசியும் அடங்காவிட்டால் மட்டும் ஹாலோபெரிடால், முதியவருக்கு 0.5 மி.கி. அல்லது அதற்கும் குறைவாக, ஈசிஜியில் க்யூடி என்ற இதய மின் இடைவெளி நீண்டிருக்கிறதா என்று பார்த்து. பார்க்கின்சனோ லூயி பாடி மறதிநோயோ இருந்தால் அது வேண்டவே வேண்டாம்; உடம்பு கட்டையாக விறைத்துவிடும்.

*

அனைவருக்கும் நன்றி. எதிர்ப்பு வராவிட்டால் கீழ்க்கண்டபடி கையேட்டில் சேர்க்கிறேன்.

நினைவுக்கலக்கம்: உடல் காரணத்தால் திடீரென வந்து ஏறி இறங்கும், கவனமும் விழிப்பும் கெடும் நிலை. மனநோய் அன்று. கிளர்ந்த வகை, அடங்கிய வகை, இரண்டும் மாறி மாறி வரும் வகை. குடியை நிறுத்தியதால் வருவது 'குடிநிறுத்தக் கலக்கம்'.

மருள், மாயக்காட்சி, திரிபுக்காட்சி மூன்றும் தனித்தனிப் பதிவாகும்.

'அடங்கிய' என்ற அடைமொழிதான் இன்னும் உறுத்துகிறது. நோய் அடங்கிவிட்டது என்று படிக்க இடம் இருக்கிறது.

*

> நோய் அடங்கிவிட்டது என்று படிக்க இடம் இருக்கிறது

'ஓய்ந்த', 'அமைதி' இரண்டும் அதைவிட மோசம். 'சோர்ந்த நினைவுக்கலக்கம்' என்று போடுங்கள். சோர்ந்து கிடக்கிறார் என்று வீட்டார் வந்து சொன்னாலே எழுந்து போய்ப் பார்ப்போம்.