மாக்பெத் விழுந்தது யாரால்?

கூத்தரசன்:
ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் ஸ்காட்லாந்துத் தளபதி மாக்பெத், அரசன் டங்கனைக் கொன்று முடிசூடி, கடைசியில் விழுகிறான். பரீட்சைக் குறிப்பு எதை எடுத்தாலும் ஒரே பாட்டுதான்: மாக்பெத் பேராசைக்காரன், அதனால் அழிந்தான். நாடகத்தைத் திறக்காமலே எழுதிவிடக்கூடிய விடை இது. திறந்து பாருங்கள். அவன் மேடைக்கு வருவதற்கு முன்பே, முதல் காட்சியிலேயே சூனியக்காரிகள் அவன் பெயரைச் சொல்லிக் காத்திருக்கிறார்கள். கிளாமிஸ் பிரபு, காடர் பிரபு, அப்புறம் அரசன் என்றார்கள், மூன்றும் ஆனான். பர்னம் காடு அவன் கோட்டை இருக்கும் டன்சினேனுக்கு நகர்ந்து வரும்வரை தோல்வி இல்லை என்றார்கள். கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு படையே வந்தது. சொன்னது ஒன்றுகூடப் பொய்க்காத உலகத்தில் ஒரு மனுஷனுக்கு என்ன சுதந்திரம் மிச்சம்? இதற்கு மேல் மனைவியின் ஏச்சு வேறு. எதிரியைத் தொப்புளிலிருந்து தாடை வரை கிழித்தான் என்று கேட்டுப் பூரித்துப் போகிற அரசன் வேறு. கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு, வெட்டியது என்று கத்தியைத் தூக்கில் போடுகிற நியாயம் இது. அவனுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. முழுப் பழியும் அவன் தலையில் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

வரிக்குவரி:
ஆரூடம் பொய்க்கவில்லை, சரி. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்போம். முதல் அங்கம், மூன்றாம் காட்சி. மூன்று வாழ்த்துகள். கிளாமிஸ் பட்டம் தகப்பன் சினெல் இறந்ததால் ஏற்கெனவே அவனிடம் இருப்பது. காடர் பட்டத்தை டங்கன் முந்தைய காட்சியிலேயே கொடுத்தாயிற்று. செய்திதான் இன்னும் வந்து சேரவில்லை. ஆக, மூன்றில் இரண்டு முடிந்த காரியங்கள். மிச்சமிருக்கும் ஒன்றில் எப்போது என்று இல்லை, எப்படி என்றும் இல்லை. டங்கனைக் கொல் என்று எவளும் சொல்லவில்லை. அந்த எண்ணம் முதலில் வெளிவருவது மாக்பெத்தின் தனிமொழியில்: மயிர்க்கூச்செறிய வைக்கும் ஒரு காட்சி என் மனத்தில் எழுகிறதே, கொலை இன்னும் கற்பனையில்தானே இருக்கிறது என்கிறான்.

அடுத்த சில வரிகளில் இன்னொன்றும் சொல்கிறான்: விதி என்னை அரசனாக்க விரும்பினால், நான் அசையாமலே அது முடிசூட்டட்டும். அவன் ஆரூடத்தை உண்மையில் நம்பியிருந்தால் இங்கேயே நின்றிருக்க வேண்டும். காடர் பட்டம் வந்தது போல அதுவும் வந்திருக்கும். அடுத்த காட்சியில் தன் மகன் மால்கமை வாரிசு என்று டங்கன் அறிவித்ததும் இந்தப் பொறுமை போய்விடுகிறது. அவனைக் கத்தி எடுக்க வைத்தது ஆரூடத்தின் மேலுள்ள அவநம்பிக்கை.

மேடைப்பக்கம்:
மனைவி மேல பழி போடுறவங்களுக்காக ஒண்ணு சொல்றேன். முதல் அங்கம் ஏழாம் காட்சியை மெதுவா படிங்க. தனிமொழி 28 வரி. அதுல முதல் 12 வரி ஒரே கணக்குதான்: நாம சொல்லிக் கொடுத்த ரத்தம் நம்மகிட்டயே திரும்பி வருமே. அதுக்கு அப்புறம்தான் உறவு, குடிமகன், விருந்து கொடுக்கிறவன் அப்படின்னு தர்மம் வருது. அவரு நல்ல ராஜாங்கிறது கடைசியில. மனைவி உள்ள வந்ததும் இதுல ஒண்ணையாவது அவகிட்ட சொல்றானா? இல்ல. ராஜா இப்பதான் கௌரவிச்சிருக்காரு, ஊர் மெச்சுது, அதைக் கொஞ்சம் அனுபவிப்போம் அப்படிங்கிறான். தர்மத்தை மறைச்சிட்டு ஒரு நொண்டிச் சாக்கை முன்னால வைக்கிறான். அவ உடைக்கிறது அந்தச் சாக்கைத்தான். தர்மம் அவ காதுக்குப் போகவே இல்ல.

"இனி வேண்டாம்"னு சொல்றதுக்கும் "முடிவு பண்ணிட்டேன்"ங்கிறதுக்கும் நடுவுல ஏறக்குறைய ஐம்பது வரி. கோழைன்னு ஏசுறா, வாக்கு கொடுத்தியேன்னு குத்துறா. அப்பவும் அவன் கேக்குற கடைசிக் கேள்வி "தோத்துட்டா?". அதுக்கு அவ திட்டத்தையே கொடுக்கிறா: ராஜாவோட காவலாளி ரெண்டு பேருக்கும் மதுவை ஊத்தி மட்டையாக்கிடுவோம், பழி அவங்க மேல. உடனே இவன் பூரிச்சுப் போயி, அவங்க கத்தியையே எடுத்துக்கலாம், அவங்க மேலயே ரத்தத்தைப் பூசலாம்னு திட்டத்தை நிறைவு பண்றான். அவன் மனசாட்சி தோத்துப் போகலைங்க, பேசவே இல்ல. இந்த இடத்தை மயக்குற காட்சியா ஆக்கி, அவனை அவ மடியில போட்டு எடுக்கிறாங்க பாருங்க, அங்கதான் கோளாறு. "தோத்துட்டா?" காணாமப் போயிடும், பாக்குறவங்க அவனை மயங்கிப்போன ஆம்பளையா மட்டும் பாப்பாங்க.

கூத்தரசன்:
மேடைப்பக்கம், ஐம்பது வரி பற்றிச் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் நாடகத்தை வெற்றிடத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹோலின்ஷெட் தொகுத்த வரலாற்றிலிருந்து, 1587 பதிப்பிலிருந்து. அதில் மாக்பெத்துக்கு நியாயமான குறை உண்டு. வாரிசு சிறுவனாக இருந்தால் நெருங்கிய இரத்த உறவு ஆளலாம் என்பது பழைய வழக்கம். மால்கமைப் பட்டத்துக்கு நியமித்து டங்கன் அந்த வாய்ப்பை அடைத்துவிடுகிறான். வரலாற்று மாக்பெத் 1040 முதல் 1057 வரை பதினேழு ஆண்டு ஆண்டவன். டங்கனை வென்றது போரில், படுக்கையில் அல்ல. இந்த நாடகமோ 1606 வாக்கில் வந்தது. இங்கிலாந்து அரியணையில் ஜேம்ஸ், மாக்பெத்தோடு சேர்ந்து ஆரூடம் கேட்ட சக தளபதி பாங்க்வோதான் தன் குலமுதல்வன் என்று நம்பிய அரசன். அவனுக்கு முன்னால் பாங்க்வோவை வெளுத்து மாக்பெத்தைக் கறுப்பாக்கியாக வேண்டும். நீங்கள் 'தனிமனிதப் பொறுப்பு' என்று கண்டெடுப்பது அரசவைக்குத் தக்கபடி பூசிய சாயம்.

வரிக்குவரி:
கூத்தரசன், சான்றுக்கு நன்றி. அது என் பக்கம்தான் பேசுகிறது. ஹோலின்ஷெட்டில் டங்கன் கொலை மிகச் சுருக்கம். பாங்க்வோவும் அதில் கூட்டு. விருந்தாளியாக வந்த அரசனைப் படுக்கையில் கொல்வது, மனைவி தூண்டுவது, காவலாளிகளுக்கு மது ஊற்றுவது எல்லாம் அதே நூலில் வேறு கதை: டஃப் என்ற அரசனை டான்வால்ட் கொன்றது. இரண்டையும் தைக்கும்போது ஷேக்ஸ்பியர் எதை வெட்டினார்?

மாக்பெத்தின் அரியணை உரிமை நாடகத்தில் ஒரு வரிகூட இல்லை. டான்வால்ட்டின் உறவினர்களை அரசன் தூக்கிலிட்டிருந்தான்; அந்தப் பகையும் இல்லை. டான்வால்ட் நான்கு வேலைக்காரர்களை ஏவிக் கழுத்தை அறுக்க வைத்தான். இங்கே மாக்பெத் தன் கையால் குத்துகிறான். மூலத்தில் உள்ள பத்தாண்டு நல்லாட்சியும் போய்விட்டது. ஜேம்ஸை மகிழ்விக்கத்தான் என்றால் பாங்க்வோவைக் கூட்டிலிருந்து விடுவித்ததே போதும். கொலைகாரனிடமிருந்து ஒவ்வொரு சாக்கையும் பிடுங்கி, கத்தியையும் அவன் கையிலேயே திணிக்க வேண்டிய அவசியம் அரசவைக்கு இல்லை. நாடகத்துக்குத்தான் இருந்தது.

அரிஸ்டாட்டில் சொன்ன துன்பியல் தலைவன் ஏதோ ஒரு பிழையால் விழுகிறவன். கிரேக்க நாடகத்து ஈடிபஸ் முச்சந்தியில் அடித்துக் கொன்றது தகப்பனை என்று அவனுக்குத் தெரியாது. மாக்பெத்துக்கு எல்லாம் தெரியும். கொல்லப்போவது யாரை, அது ஏன் தப்பு, என்ன திரும்பி வரும், எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டுத்தான் போகிறான். அந்தப் பழைய அளவுகோலில் அவன் பொருந்தாதவன்.

நள்ளிரவு வாசகி:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். மூன்று பேருமே இரண்டாம் அங்கத்தோடு நின்றுவிட்டீர்கள். முடி கிடைத்த பிறகு லட்சியம் என்று என்ன இருக்கிறது? மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் அவன் சொல்வது: அரசனாக இருப்பது ஒன்றுமே இல்லை, பத்திரமாக இருக்க வேண்டும். அங்கிருந்து ஓடுவது பயம். பாங்க்வோவின் பிள்ளைகள் ஆள்வார்கள் என்ற ஆரூடத்தை நம்புவதால்தான் கொலையாட்களை அனுப்புகிறான். ஆனால் நம்பினால் அதைக் கொலையால் தடுக்க முடியாது என்றும் தெரிந்திருக்க வேண்டுமே! பிடித்த பாதி பலிக்க வேண்டும், பிடிக்காத பாதி பொய்க்க வேண்டும். பாங்க்வோ சாகிறான், மகன் ஃபிளீன்ஸ் தப்பிவிடுகிறான்.

பிரபுக்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கூலி கொடுத்து ஒற்றன் வைத்திருக்கிறான் (3.4, அதாவது மூன்றாம் அங்கம் நான்காம் காட்சி). நான்காம் அங்கத்தில் அவனே சூனியக்காரிகளைத் தேடிப் போகிறான். இந்த முறை யாரும் வழிமறிக்கவில்லை. பெண் வயிற்றில் பிறந்தவன் எவனும் உன்னை வெல்ல முடியாது என்கிறார்கள். ஃபைஃப் பிரபுவான மக்டஃபை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைக்கிறான், எதற்கும் உறுதிக்கு உறுதி என்று கொல்லத் தீர்மானிக்கிறான். மக்டஃப் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டான் என்றதும் ஃபைஃப் கோட்டையில் இருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் வெட்டச் சொல்கிறான். இதனால் அவனுக்கு ஒரு அங்குல நிலம்கூடக் கிடைக்காது. சூனியக்காரி சொல்லவில்லை, மனைவி சொல்லவில்லை, ஆசையும் சொல்லவில்லை. பொறுப்பு என்று ஒன்றை அளக்க வேண்டுமானால் டங்கனை விட்டுவிட்டு இந்தக் கோட்டையில் அளக்க வேண்டும்.

மேடைப்பக்கம்:
அம்மா, அருமை. அதுக்கு முந்தின படி ஒண்ணு இருக்கு. காவலாளி ரெண்டு பேரையும் வெட்டினானே (2.3), அது திட்டத்துலயே கிடையாது. உயிரோட இருந்திருந்தா போதையில உளறி, பழி அவங்க மேல விழுந்திருக்கும். வெட்டினதும் மக்டஃப் கேக்குறான், ஏன் அப்படிப் பண்ணினீங்க? முதல் சந்தேகம் அங்க கிளம்புது. மனைவி மயங்கி விழுறா. பாசாங்கா நிஜமான்னு நடிகை முடிவு பண்ணித்தான் ஆகணும்; அவகிட்ட சொல்லாம அவன் செஞ்ச முதல் கொலை இதுதான். பாங்க்வோ விஷயத்துல வெளிப்படையாவே சொல்லிடுறான், உனக்குத் தெரிய வேண்டாம் கண்ணே, முடிஞ்சதும் மெச்சிக்கோன்னு. அவளை ஒதுக்கிட்டான்.

கூத்தரசன்:
ஃபைஃப் கோட்டைக்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன் என்ன நடக்கிறது? சூனியக்காரிகளின் தலைவி ஹெகாட்டி வந்து, அதீத நம்பிக்கைதான் மனிதருக்குப் பெரும் பகை, அதை ஊட்டி இவனை அழிப்போம் என்று திட்டமே போடுகிறாள் (3.5). திட்டமிட்டு ஏமாற்றப்பட்டவனிடம் முழுப் பொறுப்பைக் கேட்கிறீர்கள்.

வரிக்குவரி:
ஹெகாட்டி பகுதியைச் சாட்சிக்கு இழுப்பதில் ஆபத்து உண்டு. அதை நாடகாசிரியர் மிடில்டன் பிற்பாடு சேர்த்ததாகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருக்கட்டும், அதே காட்சியில் அவள் இவனைப் பற்றிச் சொல்வதையும் படியுங்கள்: இவன் நேசிப்பது தன் காரியத்துக்காக, உங்களுக்காக அல்ல. சூனியக்காரிகளின் எல்லையோ முதல் அங்கத்திலேயே இருக்கிறது. மாலுமியின் கப்பலைப் புயலில் அலைக்கழிக்க முடியும், மூழ்கடிக்க முடியாது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதீத நம்பிக்கை ஊட்டப்பட்டவன் சும்மா இருந்திருக்கலாம்; வெல்ல முடியாதவன் குழந்தைகளைக் கொல்ல வேண்டியதில்லை.

ஒப்பிட ஆள் வேண்டுமா, பாங்க்வோ இருக்கிறான். அதே இடம், அதே நேரம், அதே வாய்கள். அவனுக்கும் கெட்ட எண்ணங்கள் வருகின்றன, தூங்கும்போது அவற்றைத் தடுத்துவிடு என்று தெய்வங்களை வேண்டுகிறான் (2.1).

நள்ளிரவு வாசகி:
பாங்க்வோவுக்கு அவ்வளவு சீக்கிரம் மாலை போட்டுவிடாதீர்கள். 3.1 தொடக்கத்தில் அவன் தனியாகப் பேசுவது: நீ இதற்காக மோசமாக விளையாடினாய் என்று அஞ்சுகிறேன், ஆனால் உனக்குப் பலித்தது எனக்கும் பலிக்கலாமே. உடனே வாயை மூடிக்கொள்கிறான். கொலை என்று சந்தேகிக்கிறான், ஆரூடம் தனக்கும் லாபம் என்பதால் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றிரவே வெட்டுப்படுகிறான். மாக்பெத் செய்து விழுந்தான், இவன் பேசாமல் விழுந்தான்.

வரிக்குவரி:
ஏற்கிறேன். பேசாமலிருப்பதும் கொலையும் ஒரே தட்டில் நிற்காது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கூத்தரசன்:
என் கட்சியிலிருந்து கடைசியாக ஒன்று. 5.8. தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் நான் என்று மக்டஃப் சொன்னதும் மாக்பெத் உடனே பேய்களைச் சபிக்கிறான், இரட்டை அர்த்தத்தில் ஏமாற்றினார்கள் என்று. உன்னோடு சண்டை போட மாட்டேன் என்கிறான். சரணடைந்தால் உன் படத்தை வரைந்து கம்பத்தில் தொங்கவிட்டு வேடிக்கை காட்டுவோம் என்று மக்டஃப் சொல்ல, மால்கமின் காலடி மண்ணை முத்தமிட மாட்டேன் என்று கேடயத்தை முன்னால் வீசுகிறான். அந்த ஒரு செயலுக்கு மட்டும் எந்த ஆரூடத்தின் துணையும் இல்லை; எல்லா ஆரூடமும் எதிராகப் போய்விட்டது. நீங்கள் சொல்லும் பொறுப்பை அவன் எடுத்துக்கொள்வது அங்கேதான், அதற்கு முன்னால் இல்லை.

மேடைப்பக்கம்:
அதனாலதான் "சண்டை போட மாட்டேன்"ங்கிற வரியை வெட்டக் கூடாது. வீரமா முடிக்கணும்னு நிறைய பேர் முதல்ல அதைத்தான் எடுத்துடுறாங்க. எடுத்துட்டா, அவன் பயந்ததும் தெரியாது, பயந்த பிறகு நின்னதும் தெரியாது. இன்னொரு சிக்கலும் இருக்கு: நாடகம் முதல்ல அச்சான 1623 பதிப்புல ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே உள்ள போறாங்க, மறுபடி வெளிய வந்து மாக்பெத் மேடையிலயே சாகுறான், அப்புறம் மக்டஃப் தலையைக் கொண்டு வர்றான். பிணத்தை யாரு எடுத்துட்டுப் போறதுன்னு அதுல குறிப்பே இல்ல. நிறைய குழு உள்ளேயே சாக வச்சிடுது. மேடையிலேயே சாகட்டும், மக்டஃபே இழுத்துட்டுப் போகட்டும்.