விண்டோஸ் 10-ஓடு நின்றுபோன கணினி: ஏமாற்றி 11 போடுவதா, லினக்ஸ் மின்டுக்கு மாறுவதா?

கருநிலவன்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கணினி இன்டெல் 7-ஆம் தலைமுறை, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறது. இன்னும் நாலைந்து வருடம் ஓட்ட எது சரி?

நிரலி: லினக்ஸ் மின்ட் 22. விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச இயங்குதளம். உபுண்டுங்கிற இன்னொரு லினக்ஸோட 24.04 பதிப்பு மேல கட்டினது, 2029 வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் வரும். உங்க கணினியில டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேக்குற பாதுகாப்பு வசதி) அநேகமா இருக்கும். பயாஸ்ல (கணினி எழும்போதே திறக்குற அமைப்புத் திரை) 'பிடிடி'ங்கிற பேர்ல அணைஞ்சு கிடக்கும். எழுப்பியும் பிரயோஜனம் இல்ல. ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு போக, விண்டோஸ் 11 ஏத்துக்கிற ப்ராசஸர் பட்டியலே 8-ஆம் தலைமுறையிலதான் ஆரம்பிக்குது. வேகத்துல குறை இல்ல, பட்டியல்ல பேர் இல்ல.

தட்டச்சன்: ரூஃபஸ் என்ற செயலியில் நிறுவல் யுஎஸ்பி தயாரிக்கும்போதே அந்தச் சோதனைகளை நீக்க ஒரு டிக் போதும். 7-ஆம் தலைமுறையில் 11 நன்றாகவே ஓடும். தொல்லை ஒன்றுதான்: ஆண்டுப் பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) இறக்கி மேலேயே நிறுவ வேண்டும். மின்டுக்குக் கொடி பிடிப்பவர்கள் மட்டும் ஆட்டோகேடுக்கும் போட்டோஷாப்புக்கும் லினக்ஸ் பதிப்பே கிடையாது என்பதை மூச்சு விடுவதில்லை.

நிரலி: அது ரெண்டும்தான் பிழைப்புன்னா விண்டோஸ்லயே இருங்க, யார் தடுத்தா? பிரவுசரும் ஆபிஸ் ஃபைலும்தான் வேலைன்னா எதுக்கு வருஷா வருஷம் ஐஎஸ்ஓவோட மல்லுக்கட்டணும்? கேம்கூட 2018-ல புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற கருவி) வந்தப்புறம் பெரும்பாலும் ஓடுது.

தட்டச்சன்: 'பெரும்பாலும்'தான் சிக்கலே. வேலரன்ட் என்ற கேம் லினக்ஸில் திறக்கவே திறக்காது. அதன் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்தால்தான் ஆட்டம்.

நிரலி: கண்டவனையும் கெர்னலுக்குள்ள விட்டா என்ன ஆகும்னு 2024 ஜூலை 19 காட்டுச்சே. கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பின ஒரே ஒரு ஃபைல், 85 லட்சம் விண்டோஸ் கணினி படுத்துருச்சு.

தட்டச்சன்: அதே நிறுவனத்தின் மென்பொருள் அதற்குச் சற்று முன்பு ரெட்ஹேட் லினக்ஸிலும் கெர்னலைக் கவிழ்த்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வடக்குவாசல்: மேக் பக்கம் ஓடலாமென்று யாரும் கிளம்ப வேண்டாம். இன்டெல் மேக்குகளுக்கு டாஹோ 26 பதிப்புதான் கடைசி. கழற்றி விடுவதில் ஆப்பிள் இன்னும் கறார்.

நடைமுறைக்கு வருவோம். விண்டோஸ், மின்ட் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்பவர்கள் சறுக்குவது நிறுவும்போதுதான். பல மடிக்கணினிகளில் மின்ட் நிறுவி 'டிஸ்க்கே இல்லை' என்று கைவிரிக்கும். டிஸ்க் செத்துவிடவில்லை, பயாஸில் சேட்டா முறை (டிஸ்க்கோடு கணினி பேசும் விதம்) 'ரெய்ட்' அல்லது 'ஆர்எஸ்டி'யில் இருக்கிறது. அதை 'ஏஎச்சிஐ' என்ற முறைக்கு மாற்ற வேண்டும். நேரே மாற்றினால் நீலத்திரைதான், ஏனென்றால் விண்டோஸ் ஏஎச்சிஐ டிரைவரை எழுப்பி வைத்திருக்காது. முதலில் பிட்லாக்கரை (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இடைநிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் அமைப்பில் 'சேஃப் பூட்' டிக் செய்து ரீஸ்டார்ட்; அப்படியே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ. சேஃப் மோடில் எழும்போது டிரைவர் ஏறிவிடும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட்.

'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக நிற்காமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். மின்டிலிருந்து அந்தப் பார்ட்டிஷனை (விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதி) படிக்கலாம், எழுத முடியாது.

தட்டச்சன்: இத்தனை செய்தும் 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் திருத்தம் பழைய பூட்லோடர்களை (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்கள்) செக்யூர் பூட்டில் (எழும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனை) தடுத்து, இரண்டும் உள்ள பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. ஒரே டிஸ்க்கில் இரண்டு ராஜா வேண்டாம்.

வடக்குவாசல்: தனி டிஸ்க் போட்டாலும் தப்பியிருக்காது. அந்தத் தடை எழுதப்பட்டது டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் ஃபர்ம்வேரில்.

கருநிலவன்: ஆட்டோகேட் தேவையில்லை. அப்படியானால் டிஸ்க் முழுவதையும் மின்டுக்கே கொடுத்துவிடலாமா?

நிரலி: கொடுங்க. ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி மின்டை நிறுவாம யுஎஸ்பியிலிருந்தே லைவ்வா அரை மணி நேரம் ஓட்டி வைஃபை, ஒலி, மூடியைச் சாத்தி எழுப்புறது மூணையும் பாருங்க. மூணாவதுலதான் கவுத்தும்.