ஆப்ஷன் காலம் முடிய 4 நாள், கவுண்டி மேப்பில் வீடே வரவில்லை

புதுக்குடி:
வணக்கம் மக்களே, அவசரம். அமெரிக்கா வந்து 7 மாசம்தான் ஆகுது. ஒரு வீட்டுக்கு ஆஃபர் போட்டோம், ஏத்துக்கிட்டாங்க. ஆப்ஷன் பீரியட்ல, அதாவது காரணம் சொல்லாம ஒப்பந்தத்தை ரத்து பண்ணக்கூடிய காலத்துல, இன்னும் 4 நாள் பாக்கி. ஏஜென்ட் "ஃப்ளட் ஸோன்ல இல்ல, கவலையே வேண்டாம்"னு சொல்றார். நாமளும் ஒரு தடவை பார்த்துடலாம்னு வரிக்காக வீட்டு மதிப்பு போடுற அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் சைட்ல அட்ரஸ் போட்டா ஒரு பதிவும் இல்லைன்னு வருது. ஸ்பெல்லிங் மூணு தடவை சரிபார்த்தாச்சு. வீடு பதிவுலயே இல்லையா? ஏமாத்துறாங்களா? ஏர்னஸ்ட் மணி, அதாங்க அட்வான்ஸ், வேற கட்டியாச்சு. மேப்ல என்னென்ன பார்க்கணும்னு சொல்லுங்க ப்ளீஸ். ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

கோல்டன்கேட்_அக்கா:
பதறாதீங்க. அட்ரஸ் தேடல் எல்லா கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சைட்லயும் சொதப்பும். "டிரைவ்", "லேன்", "கோர்ட்" எதுவும் போடாம வீட்டு நம்பரும் தெருப் பேரோட முதல் சொல்லும் மட்டும் போட்டுப் பாருங்க. அப்பவும் வரலைன்னா பார்சல் நம்பரை வச்சுத் தேடுங்க, டாக்ஸ் பில்லில் இருக்கும். அப்புறம் நேச்சுரல் ஹஸார்ட் டிஸ்க்ளோஷர்னு இயற்கை அபாய அறிக்கை கேட்டு வாங்குங்க. கால்ஃபயர் மேப்ல தீ அபாய வகை என்னன்னு பாருங்க. டாக்ஸ் பில்லில் மெல்லோ ரூஸ்னு தனி வரி இருந்தா எத்தனை வருஷத்துக்குன்னு கேளுங்க.

வாடகையே_மேல்:
7 மாசத்துல வீடு எதுக்கு தம்பி? கிரீன் கார்டு எந்தக் கட்டத்துல இருக்கு? 20% முன்பணம் இருக்கா? இல்லைன்னா மாசாமாசம் பிஎம்ஐன்னு கடனுக்கான இன்சூரன்ஸ் வேற கட்டணும். ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து ஏரியாவைப் பாருங்க. வந்த புதுசுல எல்லாருக்கும் இந்த அவசரம் வரும். மேப் பார்க்குறது ரெண்டாவது விஷயம்.

நிலஅளவை:
தம்பி, "ஆப்ஷன் பீரியட்", "அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்" என்கிறீர்கள், அப்படியானால் டெக்சஸ். கலிஃபோர்னியா ஆலோசனை இங்கே பொருந்தாது. அக்கா சொன்ன தேடல் வழி மட்டும் எங்கும் உதவும். எந்த ஊர், எந்த கவுண்டி? பழைய வீடா, பில்டரிடம் வாங்கும் புது வீடா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

புதுக்குடி:
மன்னிக்கணும், சொல்லாம விட்டுட்டேன். ஹூஸ்டன், கேட்டி அட்ரஸ். 2004ல கட்டின வீடு. ஹாரிஸ் கவுண்டி அப்ரைசல் சைட்ல, அதாங்க எச்கேட்ல, தேடினேன். வீட்டுக்குப் பின்பக்கம் கொஞ்ச தூரத்துல பெரிய பார்க் இருக்கு. அதுக்காகவே பிடிச்சுப் போச்சு.

நிலஅளவை:
வீடு மாயமாகவில்லை. கேட்டி என்பது அஞ்சல் முகவரி. அந்தப் பகுதி ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. எச்கேட்டில் ஹாரிஸ் கவுண்டிச் சொத்துகள்தான் இருக்கும். ஃபோர்ட் பெண்ட் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் தேடுங்கள், அங்கும் இல்லையென்றால் வாலர். முகவரியில் கேட்டி என்றோ ஹூஸ்டன் என்றோ இருப்பதால் வீடு அந்த நகர எல்லைக்குள் இருப்பதாக ஆகிவிடாது. பெரும்பாலானவை எந்த நகரத்திலும் சேராத கவுண்டிப் பகுதிகள். தண்ணீரும் சாக்கடையும் மட் என்கிற நீர்வாரியத்தின் பொறுப்பு, அதற்கென்று தனி வரி உண்டு.

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது அந்த பார்க்தான். அது ஜார்ஜ் புஷ் பூங்காவா? அப்படியானால் உடனே சொல்லுங்கள்.

எக்ஸ்_ஸோன்:
இவ்வளவு குழப்பமே தேவையில்லை. ஃபீமா, அதாவது மத்திய அரசோட பேரிடர் நிர்வாக அமைப்பு, அதோட மேப் சர்வீஸ் சென்டர்ல அட்ரஸ் போடுங்க. ஏஇ-ன்னு வந்தா வெள்ள ஆபத்து, எக்ஸ்-னு வந்தா இல்ல. எக்ஸ்ல பேங்க் ஃப்ளட் இன்சூரன்ஸ்கூடக் கேட்காது. ஏஜென்ட் சொன்னது சரிதான்.

புதுக்குடி:
ஃபோர்ட் பெண்ட் சைட்ல வீடு வந்துடுச்சு!! ரொம்ப நன்றி அண்ணா. ஃபீமாலயும் எக்ஸ்தான் காட்டுது. பார்க் ஜார்ஜ் புஷ் பார்க்தான். அப்ப எல்லாம் ஓகே தானே?

நிலஅளவை:
இன்னும் இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பூங்கா பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. பார்க்கரும் ஆடிக்ஸும் 1940களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு கட்டிய அணைகள். ஹூஸ்டன் நகரத்துக்குள் வெள்ளம் பாயாமல் மழைநீரை நிறுத்திவைப்பது அவற்றின் வேலை. மழையில்லாத நாளில் உள்ளே தண்ணீர் இருக்காது, அதனால் புதிதாக வருபவருக்குப் பூங்காவாகத்தான் தெரியும். பெருமழையில் மதகை மூடினால் தண்ணீர் அணைக்குப் பின்னால், மேற்குப் பக்கமாக ஏறும். பார்க்கரில் அரசுக்குச் சொந்தமான நிலம் ஏறத்தாழ 95 அடி உயரக்கோடு வரைதான். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது தண்ணீர் 101 அடியைத் தாண்டியது. நடுவில் இருந்த உயரத்தில் குடியிருப்புகள். அவற்றில் பல, ஃபீமா கணக்கில் எக்ஸ் ஸோன்.

ஃபீமா வரைபடம் ஆண்டுக்கு 1% வாய்ப்புள்ள வெள்ளத்தை ஏஇ என்றும், 0.2% வாய்ப்புள்ளதை நிழலிட்ட எக்ஸ் என்றும் குறிக்கிறது. அதற்கு வெளியே உள்ளதெல்லாம் நிழலில்லாத எக்ஸ். அணையோ அந்த 1% மட்டத்தைவிட உயரமாகத் தண்ணீரைத் தேக்கும்படி கட்டப்பட்டது. ஆகவே "ஃப்ளட் ஸோனில் இல்லை" என்பதும் உண்மையாக இருக்கலாம், வீடு நீர்த்தேக்கத்தின் தேக்கப் பரப்புக்குள் இருப்பதும் உண்மையாக இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது "எந்த ஸோன்" என்பது மட்டுமல்ல. "தரை எத்தனை அடி, தேக்கம் எத்தனை அடி வரை வரும்" என்பதையும் கேளுங்கள்.

எக்ஸ்_ஸோன்:
ஹார்வி மாதிரி மழை வாழ்நாள்ல ஒரு தடவைதான் வரும். அதுக்கு பயந்தா ஹூஸ்டன்ல யாரும் வீடே வாங்க முடியாது.

வரிப்புத்தகம்:
1% என்பது ஒரு ஆண்டுக்கான கணக்கு. 30 ஆண்டு கடன் காலத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 26%. அதோடு 2018இல் அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் அட்லஸ் 14 என்ற மழைக் கணக்கு வந்தபோது, ஹூஸ்டனின் 24 மணி நேர "நூறாண்டு மழை" சுமார் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்கு ஏறியது. இன்னும் பல ஃபீமா வரைபடத் தாள்கள் அதற்கு முந்தைய மழைக் கணக்கில் வரைந்தவை. தாளின் ஓரத்தில் நடைமுறைத் தேதி அச்சாகியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். "எல்ஓஎம்ஆர் எஃப்" என்ற குறிப்பு இருந்தால் மண் கொட்டி மேடாக்கி ஸோனிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த மனை தப்பலாம், அதற்குப் போகும் தெரு மூழ்கலாம்.

கோல்டன்கேட்_அக்கா:
இதெல்லாம் வாங்குறவங்களா தேடிக் கண்டுபிடிக்கணும்? விக்கிறவங்க சொல்ல வேண்டாமா? அநியாயமா இருக்கு.

வாடகையே_மேல்:
லிஸ்டிங் சைட்ல "பேக்ஸ் டு பார்க்"னு, அதாவது பின்னாடியே பார்க்னு, போட்டு விலையும் ஏத்திடுறாங்க. வரி விஷயமும் அதே கதைதான். லிஸ்டிங்ல ஒரு தொகை காட்டும், வாங்கின மறுவருஷம் எஸ்க்ரோ, அதாவது வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் தவணையோட பிடிச்சுவைக்கிற பணம், பத்தலைன்னு மாசத் தவணை எகிறும். ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்லைன்னு சந்தோஷப்பட்டா அதை வீட்டு வரில பிடுங்கிடுறாங்க.

சன்னல்ஓரம்:
இன்சூரன்ஸும் வருஷாவருஷம் ஏறுது. கூரை பழசா இருந்தா கோட்டே, அதாவது கட்டணம் எவ்வளவுன்னே, கொடுக்க மாட்டேங்கிறாங்க. ஸ்கூல் எல்லையும் மாத்திடுறாங்க, லிஸ்டிங்ல பழைய ஸ்கூலே நிக்குது. யாரைத்தான் நம்புறது?

வரிப்புத்தகம்:
வருத்தம் நியாயம்தான். ஆனால் கேட்டவருக்கு 4 நாள்தான் இருக்கிறது. வரி ஏன் தவறாகத் தெரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சரிபார்க்க 20 நிமிடம் போதும்.

அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் பக்கத்தில் இரண்டு மதிப்புகள் இருக்கும்: சந்தை மதிப்பு, வரிக்கான மதிப்பு. விற்பவர் அங்கேயே குடியிருந்து ஹோம்ஸ்டெட் சலுகை வாங்கியிருந்தால், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10%க்கு மேல் ஏறாது. பல ஆண்டு இருந்தவர் என்றால் இரண்டுக்கும் பெரிய இடைவெளி விழுந்திருக்கும். விற்றதும் அந்த வரம்பு கழன்றுவிடும். விற்பவர் 65 வயதைக் கடந்தவர் என்றால் பள்ளி வரிக்கும் உச்சவரம்பு இருந்திருக்கும், அதுவும் உங்களுக்கு வராது. எனவே விற்பவர் கட்டிய தொகையை விட்டுவிடுங்கள். அதே பக்கத்தில் உள்ள வரி அலகுகளின் விகிதங்களைக் கூட்டி, உங்கள் விலையால் பெருக்குங்கள். விகிதம் 100 டாலர் மதிப்புக்கு இத்தனை என்று இருக்கும். மட் விகிதம் 0.60 என்றால், 4,00,000 டாலர் வீட்டுக்கு அந்த ஒரு வரி மட்டும் ஆண்டுக்கு 2,400 டாலர். மட் பெயர் குழப்பமாக இருந்தால் டெக்சஸ் சுற்றுச்சூழல் ஆணையமான டிசிஇக்யூவின் நீர்வாரிய வரைபடத்தில் மனையைச் சொடுக்குங்கள். மட் பற்றிய அறிவிப்பை ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் தந்திருக்க வேண்டும். தாள்களில் இருக்கிறதா பாருங்கள்.

பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டெக்சஸில் விற்பனை விலையைப் பதிவில் வெளியிடும் கட்டாயம் இல்லை.

பள்ளி எல்லைக்குப் பள்ளி மாவட்டத்தின் தளத்திலேயே முகவரியைப் போடுங்கள். வேறு எதையும் நம்ப வேண்டாம்.

நிலஅளவை:
நன்றி. இப்போது வரிசையாகச் செய்ய வேண்டியது.

இன்றே: அப்ரைசல் பக்கத்திலிருந்து முழு சட்ட விவரத்தைப் படியெடுங்கள். குடியிருப்பின் பெயர், செக்‌ஷன், பிளாக், லாட் நான்கும் வேண்டும். செக்‌ஷன் எண் தவறினால் வேறு பிளாட், அதாவது வேறு மனைப்பிரிவின் பதிவு வரைபடம், வந்துவிடும். அதை வைத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டி கிளார்க் பதிவுகளில் பிளாட் வரைபடத்தைத் தேடித் திறந்து, சிறிய எழுத்துக் குறிப்புகளை முழுதாகப் படியுங்கள். பார்க்கரை ஒட்டிய சில பிளாட்களில், ராணுவப் பொறியாளர் பிரிவின் கட்டுப்பாட்டில் நீண்டநேர நீர்த்தேக்கத்துக்கு உட்பட்டது என்ற குறிப்பு அன்றே அச்சாகியிருக்கிறது. குழாய், மின்கம்பி போக உரிமை விட்ட ஈஸ்மென்ட் பட்டைகள் எத்தனை அடி அகலம் என்பதும் அதே தாளில் கிடைக்கும்.

அடுத்தது உயரம்: அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பான யுஎஸ்ஜிஎஸ்ஸின் தேசிய வரைபடத்தில் புள்ளி உயரம் காட்டும் கருவி இருக்கிறது. வீட்டின் நான்கு மூலை, வாசல் தெரு, குடியிருப்பின் நுழைவாயில் என ஆறு இடங்களில் சொடுக்கி அடியில் குறித்துக்கொள்ளுங்கள். ராணுவப் பொறியாளர் பிரிவின் கால்வெஸ்டன் அலுவலகம் தரும் நீர்த்தேக்க மட்டங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் என்ஏவிடி 88 என்ற ஒரே உயர அளவை முறையின் அடிப்படையில் உள்ளனவா என்று கட்டாயம் பாருங்கள். ஹூஸ்டன் பகுதியில் நிலம் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய அளவையையும் புதிய அளவையையும் ஒப்பிட்டால் கணக்கு தவறும். வரைபடம் காட்டுவது தரை உயரம். வீட்டுத் தளம் அதைவிடச் சற்று மேலே இருக்கும். எவ்வளவு என்பதற்கு எலிவேஷன் சர்டிஃபிகேட் இருக்கிறதா என விற்பவரிடம் கேளுங்கள்.

நாளை: விற்பவரின் வெளிப்படுத்தல் படிவத்தை எடுங்கள். 2019 செப்டம்பருக்குப் பிறகு அந்தப் படிவத்தில் நீர்த்தேக்கம், தேக்கப் பரப்பு, முந்தைய வெள்ளம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு. பதில் காலியாக இருந்தால் எழுத்தில் கேளுங்கள். ஃபீமாவிடமிருந்து வெள்ளக் காப்பீட்டு இழப்பு வரலாற்றை உரிமையாளர்தான் வாங்க முடியும்; ஏஜென்ட் வழியாக விற்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். அப்ரைசல் பக்கத்தின் மதிப்பு வரலாற்றில் ஹார்விக்கு அடுத்த ஆண்டான 2018ஐப் பாருங்கள். நிலத்தின் மதிப்பு அப்படியே இருந்து கட்டடத்தின் மதிப்பு மட்டும் சரிந்திருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

கூடவே ரயில்ரோடு கமிஷனின் பொது ஜிஐஎஸ் வரைபடம். பெயர்தான் ரயில், அவர்கள் பார்ப்பது எண்ணெய், எரிவாயு. நன்றாகப் பெரிதாக்கினால்தான் கிணறுகளும் பைப்லைன்களும் தெரியும், எட்ட நின்று பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஹாரிஸ் கவுண்டி வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்தின் வரைபடத்தை யாராவது சொன்னால், அது ஹாரிஸ் கவுண்டிக்கானது. உங்கள் வீட்டுக்கு ஃபோர்ட் பெண்ட் கவுண்டி வெளியிட்டதைப் பாருங்கள்.

சன்னல்ஓரம்:
ஒரு சந்தேகம். மேப்ல மனைக் கோடு பக்கத்து வீட்டு வேலிக்குள்ள போகுதே, அது பிரச்சினையா?

நிலஅளவை:
அந்தக் கோடு வரி வசூலுக்காக வரைந்தது, சில அடி நகர்ந்திருக்கும். வான்படம் சாய்ந்திருந்தாலும் கூரை கோட்டைத் தாண்டுவதுபோல் தெரியும். எல்லைக்கு சர்வே மட்டும்தான் ஆதாரம். விற்பவரிடம் பழைய சர்வேயும், அதன்பின் மாற்றம் இல்லை என்று சொல்லும் டி-47 உறுதிமொழியும் இருந்தால் கேளுங்கள்.

புதுக்குடி:
பிளாட் கிடைச்சுது அண்ணா. குறிப்பு 14ல பார்க்கர் பேரே இருக்கு. ஆறு இடத்துல உயரம் எடுத்தேன், வீட்டு மூலைங்க 99ல இருந்து 100 அடி, தெரு 98. கைகால் நடுங்குது. இப்ப என்ன பண்றது?

நிலஅளவை:
தரை 2017 மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தளம் எத்தனை அடி என்பதுதான் இப்போது தெரிய வேண்டும். எலிவேஷன் சர்டிஃபிகேட் இல்லையென்றால் உரிமம் பெற்ற சர்வேயரிடம் தள உயரம் மட்டும் அளக்க முடியுமா என்று நாளைக் காலையே கேளுங்கள். நேரம் போதாவிட்டால் ஆப்ஷன் காலத்தை நீட்டிக்க விற்பவர் சம்மதத்தோடு எழுத்தில் திருத்தம் போடலாம். அவர் மறுத்தால், கடைசி நாள் மாலை 5 மணிக்குள் ரத்து அறிவிப்பு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். ஆப்ஷன் கட்டணம் திரும்பாது, ஏர்னஸ்ட் மணி திரும்பும். ஏஜென்டிடம் வாயால் சொன்னால் செல்லாது.

வரிப்புத்தகம்:
வாங்குவதென்றே முடிவானால், வெள்ளக் காப்பீட்டு கோட் இந்த 4 நாளுக்குள்ளேயே வாங்கிவிடுங்கள். 2021 அக்டோபரிலிருந்து என்எஃப்ஐபி என்கிற மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணம் ஸோன் எழுத்தை மட்டும் வைத்து வருவதில்லை. எக்ஸ் என்பதால் மலிவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கட்டடத்துக்கு உச்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000. வழக்கமாக 30 நாள் காத்திருப்பு உண்டு, கடன் முடிக்கும்போது சேர்த்து எடுத்தால் அது கிடையாது. விற்பவரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

புதுக்குடி:
சர்வேயர் நாளைக்குக் காலை 9 மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டார். நீட்டிப்புத் திருத்தம் ஏஜென்டுக்கு அனுப்பச் சொல்லிட்டேன். தள உயரம் வந்ததும் இங்கேயே போடுறேன்.